கொல்லிமலையா செட்டிநாடா: ஐப்பசி லீவுக்கு நாங்க போன ரெண்டு இடம்

முந்தின வருஷம் ஆயுத பூஜை லீவுக்கு கொல்லிமலை போனோம், போன வருஷம் ஐப்பசி பொறந்ததும் செட்டிநாடு. ரெண்டுக்கும் அதே ஆளுங்கதான், நான், வீட்டுக்காரர், பதிமூணு வயசுப் பையன், பத்து வயசுப் பொண்ணு, கூட எங்க மாமியார். கார்ல உக்காந்தபடியே ஊர் பாத்துட்டு வர்ற டூர் வேணாம், நடக்கணும், சைக்கிள் மிதிக்கணும், ராத்திரி அசந்து தூங்கணும், இதான் எங்க கண்டிஷன். கொடைக்கானலும் யோசிச்சோம், இ-பாஸ் எடுக்குறது பெரிய வேலையில்ல, ஆனா லீவு நாள்ல ஏரியச் சுத்தி வண்டி நகரவே நகராது, அதனால அத விட்டுட்டோம்.

கொல்லிமலையப் பத்தி குறையா சொல்ல எனக்கு மனசில்ல. காரவள்ளிலேர்ந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி மேல போய் இறங்கினதும் அடிக்கிற காத்து இருக்கே, அதுக்காகவே போலாம். சோளக்காடு சந்தையில மலை வாழப்பழம், மிளகு, அன்னாசி எல்லாம் வாங்கினோம். அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்துலேர்ந்து ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேல படி இறங்கணும், நல்லா நடக்குறவங்களுக்கு அந்த ஒண்ணே போதும். ட்ரெக்கிங்னு ஆசப்படுற காலேஜ் பசங்கன்னா நான் யோசிக்காம கொல்லிமலைக்குத்தான் கை காட்டுவேன்.

ஆனா நாங்க இருந்த மூணு நாள்ல ரெண்டு நாள் மழை. அருவிக்கு விடல, வெள்ளம் அதிகம்னு அடைச்சுட்டாங்க, அது நியாயம்தான், அந்தப் படியில வழுக்கினா என்ன ஆகும்னு பாத்தாலே தெரியும். ஆனா அருவிய விட்டா பக்கத்துல நடந்து போய் பாக்க வேற ஒண்ணும் இல்ல, ஒவ்வொண்ணுக்கும் வண்டி எடுக்கணும், மஞ்சு எறங்கிருச்சுன்னா அதுவும் முடியாது. தங்கின எடத்துல கரண்ட்டும் போயிருச்சு, பசங்க ரெண்டும் கட்டில்லயே கெடந்து செல்போன் சார்ஜ் தீர்ற வரைக்கும் பாத்துட்டு அப்புறம் சண்ட போட ஆரம்பிச்சதுங்க.

அன்னைக்குத்தான் எனக்கு ஒண்ணு புரிஞ்சுச்சு. ஐப்பசில எங்க போனாலும் மழை வரும், வடகிழக்குப் பருவமழை தொடங்குற மாசம் அது. அதனால எந்த ஊர் அழகுன்னு பாக்குறத விட, மழை வந்தா அந்த நாள் என்ன ஆகும்னுதான் மொதல்ல பாக்கணும்.

செட்டிநாட்ட நான் புடிச்சுக்கிட்டது இந்த ஒரு விஷயத்துக்காகத்தான். அயித்தை வீடு பள்ளத்தூர்ல இருக்கு, சின்ன வயசுலேர்ந்து போறேன், ஆனா சைக்கிள்ல சுத்தினது போன வருஷம்தான் மொதத் தடவ. அயித்தை மகன் வீட்டு சைக்கிள் ரெண்டு, தெருவுல கேட்டு வாங்கினது ரெண்டு. மழை பெய்ஞ்ச விதத்தச் சொல்றேன் கேளுங்க. காலையில வெயில் சுள்ளுன்னு அடிக்கும், மதியத்துக்கு மேல மேகம் கட்டும், நாலு நாலரைக்கு இடி இடிச்சு ஒரு மணி நேரம் ஊத்தும், விட்டுரும். நாலு நாளும் இதேதான். தரை செம்மண், கீழ செம்புறாங்கல், ஒரு எடத்துல கூட சைக்கிள் சேத்துல மாட்டல. மலை மாதிரி ஏத்தமும் இல்ல, எங்க பொண்ணு தள்ளாம ஓட்டினா.

இன்னொண்ணு, ஊருக்கும் ஊருக்கும் தூரம் கம்மி. பள்ளத்தூர், கோத்தமங்கலம், கானாடுகாத்தான் எல்லாம் கிட்ட கிட்ட, ஆத்தங்குடி கொஞ்சம் தள்ளி. அதனால மழை வந்தா ஒதுங்க ஒரு கோயில் மண்டபமோ டீக்கடையோ எப்பவும் பக்கத்துலயே இருக்கும். வீட்ல இருக்கும்போது மழை புடிச்சுக்கிட்டா அது தனி சந்தோஷம். நாலு பக்க ஓட்டுத் தண்ணியும் முற்றத்துலதான் வந்து விழும், அயித்தை அண்டாவக் கொண்டாந்து தாழ்வாரத்து ஓரமா வச்சாங்க, தண்ணி விழுற சத்தத்துல ஒருத்தர் பேசுறது ஒருத்தருக்குக் கேக்கல. மாமியார் தூண்ல சாஞ்சு உக்காந்து வெள்ளைப் பணியாரத்த மிளகாய்ச் சட்னில தொட்டுத் தொட்டு சாப்ட்டுட்டு, "இப்படி மழை பாத்து எத்தன வருஷமாச்சு"ன்னாங்க. கொல்லிமலைல அவங்க ரூம விட்டு வெளிய வந்ததே ரெண்டு வேளைதான்.

ரெண்டாவது நாள் ஆத்தங்குடி, தரையில பதிக்கிற கலர் டைல்ஸுக்குப் பேர் போன ஊர், அதத்தான் இங்க கல்லுன்னு சொல்றேன். கல்லு பதிச்ச வீடுகள விட அந்தக் கல்லு செய்யிற பட்டறதான் பசங்களுக்குப் புடிச்சுது. கீழ ஒரு கண்ணாடி, அதுமேல இரும்புச் சட்டம், அதுக்குள்ள பூ டிசைன் அச்சு, ஒவ்வொரு கட்டத்துலயும் சின்னக் கரண்டியால கலர் ஊத்துறார், அச்ச அப்படியே மேல தூக்குறார், ஒரு கலர் இன்னொண்ணோட கலக்கல! அதுமேல சிமெண்டும் மணலும் தூவி, கலவை போட்டு அமுக்கி எடுத்து வச்சிர்றாங்க. காஞ்சப்புறம் தண்ணித் தொட்டில ஊறப்போட்டு எடுத்தா கண்ணாடி தனியா கழண்டு வருது, அந்தக் கண்ணாடி வழவழப்புதான் கல்லுல பளபளன்னு நிக்குது. பொண்ணு கிட்டப் போனதும் "பாப்பா, வெளிம்புல கை வைக்காத, கிழிச்சிரும்"னு சொன்னவர், அப்புறம் அவரே கரண்டியக் கையில குடுத்து ஒரு கட்டம் ஊத்தச் சொன்னார். வீட்டுக்கு வந்தும் அத ஒரு வாரம் சொல்லிட்டிருந்தா.

திருமயம் கோட்டைக்கு பையனும் அவங்கப்பாவும் மட்டும் விடியக்காலையில மிதிச்சுப் போனாங்க. 1687-ல ராமநாதபுரம் ராஜா கிழவன் சேதுபதி கட்டினது, மேல பீரங்கிகிட்ட நின்னா சுத்துவட்டாரக் கண்மாயெல்லாம் தெரியும். திருச்சி ராமேஸ்வரம் ரோட்டுல லாரி வேகமா வரும், முடிஞ்ச வரைக்கும் உள் ரோட்டுலயே போங்க. கண்மாய்க் கரையில மழைக்கப்புறம் சைக்கிள் விடாதீங்க, அந்தக் களிமண் வழுக்கும், பையன் முட்டியில அடி வாங்கினது அங்கதான்.

குறை இல்லாம இல்ல. பதினொண்ணுலேர்ந்து மூணு வரைக்கும் வெளிய தலை காட்ட முடியாது, புழுக்கம் ஆளக் கொல்லும், குளிர் வேணும்னு போறவங்களுக்கு இது ஊரே இல்ல. பாதி பெரிய வீடுகள் பூட்டித்தான் கெடக்கு, வருஷத்துல ஏதாவது விசேஷத்துக்குத்தான் தெறக்குறாங்க. நாங்க சொந்தக்காரங்க வீட்ல தங்கினதால செலவு கம்மி, பழைய பங்களா ஓட்டல்ல தங்கினா கணக்கு வேற, காரைக்குடில சாதா லாட்ஜ் எடுத்துட்டு பஸ்ல கானாடுகாத்தான் வந்தும் சுத்தலாம், கொஞ்சம் அலைச்சல் அவ்வளவுதான். புயல் சின்னம் உருவாகி நாலு நாள் அடைமழைன்னா நான் மேல சொன்ன மழைக் கணக்கெல்லாம் செல்லாது, கிளம்புறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி வானிலை பாத்துக்கங்க.

இந்த வருஷமும் அங்கதான், ஆனா தீபாவளி முடிஞ்சு கார்த்திகையில போறோம். சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டில வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கு, கண்மாய்க்கு வர்ற பறவைங்க மெரண்டுரும்னு அந்த ஊர்க்காரங்க தீபாவளிக்குக் கூட வெடி போட மாட்டாங்க. போன தடவ நாங்க சீக்கிரமே போய்ட்டதால நாலஞ்சு கொக்கத் தவிர ஒண்ணும் காணோம், நவம்பருக்கு மேல வாங்கன்னு அங்க இருந்த பெரியவர் சொன்னார். பையன் இப்பவே பைனாகுலர் கேட்டுட்டிருக்கான், அயித்தைகிட்ட சைக்கிளுக்கும் சொல்லி வச்சாச்சு.