ராணுவத்துக்கு 6.81 லட்சம் கோடி, வெளியுறவுக்கு 20,517 கோடி: சேலத்திலிருந்து ஓர் ஒப்பீடு

சேலத்தில் பாதுகாப்புச் செலவு என்று பேச்செடுத்தால் முதலில் வருவது பாதுகாப்புத் தொழில் வழித்தடம்தான். ராணுவத் தளவாடம் செய்யும் தொழில்களை வளர்க்க 2018 மத்திய பட்ஜெட்டில் அறிவித்த திட்டம். சென்னை, ஓசூர், கோவை, திருச்சியோடு சேலமும் அதில் ஒரு முனை. உருக்காலையும் லேத் பட்டறைகளும் இருக்கிற ஊர் இது. ராணுவ ஆர்டரில் ஒரு பங்கு நமக்கும் வரட்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம். அதனாலேயே ராணுவத்துக்கு ஒதுக்கும் பணம் நமக்குத் திரும்பி வரும் பணமாகத் தெரிகிறது. இலங்கைக்கும் பூடானுக்கும் கொடுப்பது யாருக்கோ தூக்கிக் கொடுப்பதாகத் தெரிகிறது. இந்த இரண்டு செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நாட்டின் பாதுகாப்புக்கு எது என்ன செய்திருக்கிறது என்று பார்ப்போம்.

முதலில் கணக்கு. 2025-26 பட்ஜெட்டில் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு சுமார் 6.81 லட்சம் கோடி ரூபாய். வெளியுறவு அமைச்சகத்துக்கு சுமார் 20,517 கோடி. ஏறக்குறைய 33 மடங்கு வித்தியாசம். அதற்கு முந்தைய பட்ஜெட்டில் வெளியுறவுக்கு 22,155 கோடி ஒதுக்கியிருந்தார்கள். ஆக, ராணுவத்துக்குக் கூடியது, இதற்குக் குறைந்தது. மத்திய அரசு செலவழிக்கும் நூறு ரூபாயில் வெளியுறவுக்குப் போவது நாற்பது காசு. தூதரகங்கள், பாஸ்போர்ட் சேவை, ஐ.நா. சந்தா, அண்டை நாடுகளுக்கு அமைச்சகம் நேரடியாகத் தரும் உதவி எல்லாமே அந்த நாற்பது காசுக்குள் அடக்கம்.

ராணுவம் மட்டுமே செய்யக்கூடிய வேலை உண்டு. 1999-இல் கார்கில் முகடுகளைப் பேசி மீட்டிருக்க முடியாது. 2024 மார்ச்சில் 'ரூவென்' என்ற சரக்குக் கப்பலைச் சோமாலியக் கொள்ளையர்களிடமிருந்து நம் கடற்படை மீட்டது. 40 மணி நேர நடவடிக்கை, 35 கொள்ளையர்கள் சரண், மாலுமிகள் 17 பேரும் உயிரோடு மீட்பு. இதெல்லாம் ஏற்காட்டுக்கும் பட்ட விஷயம். இந்தியக் காப்பியில் பெரும்பகுதி ஏற்றுமதிக்குப் போகிறது. இத்தாலியும் ஜெர்மனியும் பெரிய வாடிக்கையாளர்கள். 2023 கடைசியில் செங்கடலில் யேமனின் ஹூதி கிளர்ச்சியாளர்கள் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியதும், சரக்குக் கப்பல்கள் சூயஸை விட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின, வாடகை ஏறியது. சேர்வராயன் மலையில் காப்பி பறிப்பவரின் வருமானம்கூட அந்தக் கடல்பாதையோடு கட்டுண்டது. கொள்ளையரைப் போர்க்கப்பல் அடக்கியது, சரிதான். ஆனால் எத்தனை நாட்டுப் போர்க்கப்பல்கள் வந்தும் செங்கடல் வழி உடனே பழையபடி திரும்பவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இந்த ஒப்பீட்டுக்கு இலங்கையை விடப் பொருத்தமான நாடு கிடையாது. ஒரே நாட்டில் இரண்டு வழியையும் இந்தியா முயன்று பார்த்திருக்கிறது. அதன் விளைவோடு சேலம் மாவட்டம் நாற்பது ஆண்டுகளாக வாழ்கிறது. தாரமங்கலம், ஓமலூர் பக்கம் போனால் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. 1983-க்குப் பிறகு அலை அலையாக வந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே வசிக்கிறார்கள். பேரப்பிள்ளைகளில் பலர் இலங்கையைப் பார்த்ததே இல்லை. பக்கத்து நாடு உடைந்தால் அது நம் தாலுகாவரைக்கும் வரும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

1987 ஜூலையில் ஒப்பந்தம் போட்டு அமைதிப்படையை அனுப்பினோம். உச்சத்தில் 70,000-க்கும் மேற்பட்ட வீரர்கள் அங்கே இருந்தார்கள். போராளிகளின் ஆயுதங்களை ஒப்படைக்க வைக்கப் போன படை, சில மாதங்களில் புலிகளோடு நேரடிப் போரில் இறங்கியது. 1990 மார்ச்சில் கடைசி வீரர் திரும்பியபோது சுமார் 1,200 பேரை இழந்திருந்தோம். யாழ்ப்பாணத்தில் பொதுமக்களும் ஏராளமாகச் செத்தார்கள். யாரைக் காப்பாற்றப் போனோமோ அவர்களே நம்மை வெறுக்கும் நிலை வந்தது. கொழும்பும் 'கிளம்புங்கள்' என்றது. அகதிகள் வருவதும் நிற்கவில்லை.

இனி இன்னொரு வழி. 2009-இல் போர் முடிந்த பிறகு, இந்திய மானியத்தில் வடக்கு, கிழக்கிலும் மலையகத்திலும் ஐம்பதாயிரம் வீடுகள் கட்டும் திட்டம் நடந்தது. இந்தியக் கடனுதவியில் யாழ்ப்பாணத்துக்கு ரயில் பாதையை மறுபடி போட்டு, 2014-இல் ரயில் ஓடியது. 2016-இல் '1990 சுவசெரிய' ஆம்புலன்ஸ் சேவை இந்திய மானியத்தில் தொடங்கி, பிறகு நாடு முழுக்கப் பரவியது. கொழும்பில் சிங்களக் குடும்பத்துக்கும் யாழ்ப்பாணத்தில் தமிழ்க் குடும்பத்துக்கும் அதே ஆம்புலன்ஸ்தான் வருகிறது.

2022-இல் இலங்கை திவாலானது. அந்த மார்ச்சிலேயே தனுஷ்கோடிக் கரையில் குடும்பங்கள் மறுபடியும் படகில் வந்து இறங்கத் தொடங்கின. 1980-களை நினைவில் வைத்திருக்கும் எவருக்கும் வயிற்றைக் கலக்கியிருக்கும். அந்த ஆண்டு இந்தியா சுமார் 400 கோடி டாலர் அளவுக்குக் கை கொடுத்தது: எரிபொருளுக்குக் கடன், உணவுக்கும் மருந்துக்கும் கடன், நாணயப் பரிமாற்றம், தவணை ஒத்திவைப்பு. தமிழ்நாடு அரசும் சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டு 40,000 டன் அரிசி, 500 டன் பால்பவுடர், மருந்துகள் என்று அறிவித்தது. முதல் கப்பல் மே மாதம் சென்னையிலிருந்து கிளம்பியது. 2023 ஜனவரியில், கடன் சீரமைப்புக்கு ஒத்துழைப்போம் என்று சர்வதேச நாணய நிதியத்துக்கு (ஐ.எம்.எஃப்.) முதலில் எழுதிக் கொடுத்த, இலங்கைக்குக் கடன் தந்திருந்த நாடும் இந்தியாதான். மார்ச்சில் ஐ.எம்.எஃப். கடன் கிடைத்தது. தனுஷ்கோடிக்குப் படகில் வந்தவர்கள் சில நூறு பேரோடு நின்றார்கள்; 1980-கள் போல லட்சமாகப் பெருகவில்லை.

இதில் ஒரு குறையும் உண்டு. அவ்வளவு உதவி செய்த அதே 2022 ஆகஸ்டில், சீனாவின் 'யுவான் வாங் 5' கண்காணிப்புக் கப்பல் இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தில் வந்து நின்றது. டெல்லி கவலை தெரிவித்தும் நடந்தது. ராமேஸ்வரம் மீனவர்கள் இன்னும் கைதாகிறார்கள். பணம் கொடுத்த மறுநாளே நன்றி கிடைக்கும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். ஆனால் அதற்குப் பிந்தியதையும் பார்க்க வேண்டும். 2024-இல் வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்களுக்கு இலங்கை ஓராண்டுத் தடை போட்டது. அந்த டிசம்பரில் டெல்லிக்கு வந்த அதிபர் அநுர குமார திசாநாயக்க, இந்தியப் பாதுகாப்புக்கு எதிராக இலங்கை மண்ணைப் பயன்படுத்த விடமாட்டோம் என்று வெளிப்படையாகச் சொன்னார். ஒரு காலத்தில் இந்திய எதிர்ப்பையே அரசியலாகக் கொண்டிருந்த ஜே.வி.பி.யின் தலைவர் அவர். 2025 ஏப்ரலில் இரு நாடுகளும் பாதுகாப்பு ஒத்துழைப்பு ஒப்பந்தம் போட்டன. 70,000 வீரர்களால் பெற முடியாத உறுதி இது.

நடுவில் மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது: பெரிய கடன் கொடுத்துக் கட்ட வைத்து, பிறகு அந்தச் சொத்தை நீண்ட குத்தகைக்கு எடுப்பது. சீனக் கடனில் கட்டிய அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017-இல் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் போனது. துறைமுகம் கிடைத்தது; கூடவே இலங்கை மக்களிடம் சந்தேகமும் கிடைத்தது. நாம் அந்த வழியில் போகத் தேவையில்லை.

பூடான் கதை இன்னும் தெளிவானது. 1960-களிலிருந்து அதன் ஐந்தாண்டுத் திட்டங்களுக்கு இந்தியா பணம் கொடுத்து வருகிறது. சுக்கா, தாலா போன்ற நீர்மின் நிலையங்களைக் கட்டிக் கொடுத்தது. உபரி மின்சாரத்தை நாமே வாங்குகிறோம். அசாமைத் தாக்கிவந்த உல்ஃபா, போடோ தீவிரவாதிகள் பூடான் காடுகளில் முகாம் போட்டிருந்தார்கள். 2003 டிசம்பரில் அந்தக் குட்டி நாடே தன் படையை இறக்கி, மன்னரே களத்துக்குப் போய், அவர்களை விரட்டியடித்தது. இந்திய ராணுவம் எல்லையின் இந்தப் பக்கம் வழியடைத்து நின்றது. இதையே நாம் படையெடுத்துச் செய்திருந்தால் எத்தனை உயிர், எவ்வளவு காலம், எவ்வளவு கெட்ட பெயர்! 2025-26-இல் பூடானுக்கு ஒதுக்கியது 2,150 கோடி ரூபாய். கடற்படைக்காக 2025-இல் ஒப்பந்தம் போட்ட 26 ரஃபேல் விமானங்களின் மொத்த விலை, ஆயுதம், பயிற்சி எல்லாம் சேர்த்து, சுமார் 63,000 கோடி. ஒரு விமானத்துக்குச் சராசரியாக 2,400 கோடி. ஒரு விமானத்தின் விலைகூட இல்லை, வடகிழக்கின் ஒரு பக்க எல்லை அமைதியாக இருக்க நாம் ஆண்டுக்குக் கொடுப்பது.

மாலத்தீவில் இரண்டும் கலந்தே வேலை செய்தன. 1988-இல் ஆட்சிக் கவிழ்ப்பை முறியடிக்க நம் பாராசூட் வீரர்கள் போனார்கள். 2023-இல் வந்த புது அதிபர் இந்தியப் படையினரை வெளியேறச் சொன்னார். கோபப்படாமல் வெளியேறினோம், 2024 அக்டோபரில் அவர்கள் நாணய நெருக்கடியில் தவித்தபோது 40 கோடி டாலர் பரிமாற்றத்துக்கு ஒப்புக்கொண்டோம். அடுத்த ஆண்டு ஜூலையில் அதே அதிபர் தங்கள் சுதந்திர தினத்துக்கு இந்தியப் பிரதமரைச் சிறப்பு விருந்தினராக அழைத்தார்.

'இங்கே பள்ளிக்கூடக் கூரை ஒழுகும்போது வெளிநாட்டுக்கு ஏன் கொடுக்கணும்?' நேர்மையான கேள்வி, கேட்க வேண்டிய கேள்வி. ஆனால் அந்தக் கூரைக்கான பணம் நாற்பது காசிலிருந்து வரப்போவதில்லை. அந்த நாற்பது காசிலும் ஒரு பங்கு இந்தியப் பொறியியல் நிறுவனங்களின் ஒப்பந்தமாகத் திரும்பி வருகிறது. கடனுதவியிலும் அப்படித்தான்: யாழ்ப்பாண ரயில் பாதையைப் போட்டது நம் ரயில்வேயின் கட்டுமான நிறுவனமான இர்கான்தான்.

இதை வெளியுறவுக்காரர்கள் மட்டும் சொல்லவில்லை. 2013-இல் மத்திய கிழக்குப் பகுதிக்கான அமெரிக்கப் படைகளின் தளபதியாக இருந்த ஜேம்ஸ் மேட்டிஸ், வெளியுறவுத் துறைக்கு முழுசாகப் பணம் ஒதுக்காவிட்டால் தனக்குக் கூடுதல் தோட்டா வாங்க வேண்டியிருக்கும் என்று செனட்டிலேயே சொன்னார். அவர் நாடு அதைக் கேட்கவில்லை. 2025 ஜூலையில், வெளிநாடுகளுக்கு உதவி வழங்கிவந்த யு.எஸ்.எய்டு அமைப்பை மூடிவிட்டார்கள்.

என் தீர்ப்பு இது: ராணுவத்துக்குக் கொடுப்பதைக் குறைக்க வேண்டாம், சேலத்துப் பட்டறைக்கு அந்த ஆர்டரும் வரட்டும். ஆனால் வெளியுறவு ஒதுக்கீட்டை ஆண்டுக்கு ஆண்டு ஏற்றி இறக்குவது பெரிய தப்பு. பூடான் 2003-இல் செய்தது முந்தைய நாற்பது ஆண்டு உதவியின் பலன். அதை நெருக்கடி வந்த மாதத்தில் அவசரமாக வாங்க முடியாது. நூற்று நாற்பது கோடி மக்களுள்ள நாட்டின் வெளியுறவுப் பணியில் இருக்கும் அதிகாரிகள் சுமார் ஆயிரம் பேர்தான். அறிவித்த திட்டங்கள் இழுத்துக்கொண்டே போவதற்கு ஆள் பற்றாக்குறையும் ஒரு காரணம். அடுத்து கூடுதலாக ஒரு ஐயாயிரம் கோடி கையில் இருந்தால், இரண்டு விமானத்துக்குப் பதிலாக அதை அந்த ஆட்களுக்கும் இலங்கை, நேபாளம், மாலத்தீவுத் திட்டங்களுக்கும் கொடுக்க வேண்டும் என்பேன்.