ஞாயித்துக்கிழமை வேட்டை: மொத்தமா தடையா, மொத்தமா திறப்பா, நடுவுல ஏதாவது இருக்கா?

நான் அமெரிக்காவுல பென்சில்வேனியா மாநிலத்துக்கு வந்த புதுசுல, நவம்பர் கடைசியில வர்ற தேங்க்ஸ்கிவிங் பண்டிகை முடிஞ்ச அடுத்த திங்கக்கிழமை ஆபீஸ்ல பாதி சீட் காலியா கெடந்துச்சு. என்னடானு கேட்டா மான் சீசன் ஆரம்பம்னாங்க, நிறைய ஊர்ல அன்னைக்கு ஸ்கூலுக்கே லீவுனாங்க. நம்மூர்ல 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்ததுக்கு அப்புறம் மானைச் சுட்டா ஜெயில்தான், இங்க உள்ளூர்க்காரர்னா 20 டாலர் 97 சென்ட் கட்டி லைசென்ஸ் வாங்கிக்கிட்டு துப்பாக்கியோட காட்டுக்குப் போறாங்க. வேட்டையே சரியா தப்பாங்கறது வேற பேச்சு, அதை இங்க எடுக்கலை. அதே காட்டுல குடும்பத்தோட நடக்கப் போறவன் நான், ஞாயித்துக்கிழமை வேட்டையைத் திறக்கணுமா வேணாமாங்கற சண்டையைப் பல வருஷமா பக்கத்துல இருந்து பார்க்கறேன், ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு வழியில போயிருக்கு, அதுல எது யாருக்கு நல்லதுனு எனக்குத் தெரிஞ்சதை எழுதறேன்.

பென்சில்வேனியாவுல ஞாயித்துக்கிழமை வேட்டையாடக் கூடாதுங்கற தடை 1873லயே வந்துடுச்சு. கிறிஸ்தவ ஓய்வுநாள்ல கடை கூடாது, ஆட்டம் கூடாதுனு இருந்த பழைய சட்டங்களோட கூடப்பிறப்பு இது. பேஸ்பால், சினிமா, மீன்பிடி மேல இருந்த ஞாயிறு தடையெல்லாம் 1930கள்லயே தளர்ந்துடுச்சு, வேட்டை மட்டும் அப்படியே நின்னுச்சு. அதுலயும் நரி, கயோட்டி (ஓநாய் மாதிரி ஒரு காட்டு விலங்கு), காக்கா மூணையும் ஞாயித்துக்கிழமை சுடலாம், மானைத்தான் கூடாதுனு இருந்துச்சு. சாமிக்காகன்னா நரிக்கும் அதே சாமிதானே? ஆக இவ்வளவு காலம் இதைத் தாங்கிப் பிடிச்சது மதம் இல்லை, வாரத்துல ஒரு நாள் காடு அமைதியா இருக்கட்டும்ங்கற ஜனங்களோட ஆசை. அந்த ஆசை எனக்கும் உண்டு, அதை மறைச்சு எழுத விரும்பலை.

முதல் வழி மொத்தத் தடை, அதுக்கு மெயின் (Maine)ங்கற மாநிலத்தைப் பாருங்க. 1883ல இருந்து ஞாயிறு வேட்டை கிடையாது, பக்கத்துல மாசசூசெட்ஸும் தடையை விடாமப் புடிச்சுக்கிட்டு இருந்த மாநிலம்தான். 2021ல மெயின்ல ஓட்டு போட்டு அரசியலமைப்புலயே உணவு உரிமைனு ஒண்ணைச் சேர்த்தாங்க, தன் சாப்பாட்டைத் தானே விளைவிச்சுக்க, தேடிக்க உரிமை உண்டுன்னு. அதைப் புடிச்சுக்கிட்டு ஒரு தம்பதி கோர்ட்டுக்குப் போனாங்க, வாரம் பூரா வேலை, மிச்சம் இருக்கற ஞாயித்துக்கிழமையும் தடைன்னா நாங்க எப்போ வேட்டையாடி சாப்பிடறதுனு. 2024 மார்ச்ல மாநில உச்ச நீதிமன்றம் தடை செல்லும்னு சொல்லிடுச்சு. வேட்டையாடற உரிமை அந்தத் திருத்தத்துக்குள்ள வரும், ஆனா சட்டவிரோத வேட்டைக்கு அதே திருத்தத்துல விலக்கு இருக்கு, தடைசெஞ்ச நாள்ல வேட்டையாடறது அந்த விலக்குல விழுந்துடும்ங்கறது தீர்ப்போட சாரம்.

ஆனா மெயின்ல தடை நிக்கறதுக்குக் கோர்ட்டை விடப் பெரிய காரணம் நிலம். அந்த மாநிலத்துல 90 சதவீதத்துக்கு மேல தனியார் நிலம், அதுல பெரும்பகுதி மரக் கம்பெனிங்களும் குடும்பங்களும் வெச்சிருக்கற காடு. பலகை எதுவும் இல்லைன்னா ஜனங்க உள்ள போகலாம், நடக்கலாம், வேட்டையாடலாம்ங்கறது பரம்பரை பரம்பரையா வர்ற வழக்கம். நிலக்காரர் மனசு வெச்சுக் கொடுக்கறது இது, மரத்துல ஊதா பெயின்ட் அடிச்சாலே உள்ள வராதேனு அர்த்தம். ஞாயித்துக்கிழமையையும் திறந்துவிட்டா, என் நிலத்துல எனக்கே நிம்மதியா நடக்க ஒரு நாள் இல்லையானு கோவத்துல அவங்க நிலத்தையே மூடிடுவாங்கங்கற பயம் அங்க நிஜமாவே இருக்கு. அப்படி மூடினா ஞாயிறு மட்டும் இல்லை, ஏழு நாளும் போயிடும். இந்த வாதத்தை முதல்ல கேட்டப்ப மிரட்டல் மாதிரி தெரிஞ்சுச்சு, யோசிச்சா ரொம்ப நியாயம்.

அதுக்காக மொத்தத் தடை நல்ல வழினு சொல்ல மனசு வரலை. என்கூட வேலை பார்த்த ஒருத்தர் சனிக்கிழமையும் ஷிஃப்ட் போறவர், அவருக்குக் கெடைக்கறது ஞாயிறு ஒண்ணுதான். அவரு பையன் காலேஜ்ல படிக்கறான், தேங்க்ஸ்கிவிங் லீவுல வீட்டுக்கு வந்தா வெள்ளி, சனி, ஞாயிறு இருப்பான், அதுல அப்பனும் பிள்ளையும் சேர்ந்து காட்டுக்குப் போக முடியற நாள்ல சட்டம் பூட்டு போட்டு வெச்சிருந்துச்சு. லீவு எடுக்க வசதி இருக்கறவன் திங்கக்கிழமை போயிடுவான், மணிக்கணக்குல சம்பளம் வாங்கறவன் எப்படிப் போவான்? ஞாயிறு தடை கடைசியில கூலிக்காரன் தலையிலதான் விடியுது. இதுக்கு நடைபயணக்காரங்க பக்கத்துல இருந்து நேர்மையான பதில் ஒண்ணும் நான் கேட்டதில்லை.

ரெண்டாவது வழி எண்ணிக் கொடுக்கறது. டெலவேர் 2016ல மான் வேட்டைக்கு அஞ்சு ஞாயிறு கொடுத்துச்சு. பென்சில்வேனியா 2019 நவம்பர்ல மூணு ஞாயிறுக்குச் சட்டம் போட்டுச்சு, வில் சீசன்ல ஒண்ணு, துப்பாக்கி மான் சீசன்ல ஒண்ணு, மூணாவதை மாநில வேட்டைத்துறையே தேர்ந்தெடுத்துக்கலாம். 2020ல நவம்பர் 15, 22, 29னு வந்துச்சு, 22 கரடிக்கு. தனியார் நிலம்னா நிலக்காரர்கிட்ட எழுத்துல அனுமதி வாங்கிக் கையில வெச்சிருக்கணும். வேட்டைக்காரங்க இதைப் பிச்சை போட்ட மாதிரினு திட்டினாங்க, எனக்கு என்னமோ அந்த அஞ்சு வருஷம்தான் காட்டுல எல்லாரும் ஓரளவு ஒத்துப்போன காலமாத் தெரியுது. தேதியைக் காலண்டர்ல குறிச்சுக்குவோம், அந்த மூணு ஞாயிறு நாங்க வேற எங்கயாவது போவோம், மிச்ச ஞாயிறெல்லாம் பயமில்லாம நடப்போம்.

மூணாவது வழி தெக்குப் பக்கம், நாளைக் கொடுத்துட்டு நேரமும் தூரமும் வெச்சுக் கட்டுப்படுத்தறது. வட கரோலினாவுல 1868ல இருந்து இருந்த தடையை 2015ல தனியார் நிலத்துக்குத் தளர்த்தினாங்க, ஆனா காலையில 9:30ல இருந்து 12:30 வரைக்கும் துப்பாக்கி கூடாது, சர்ச் பக்கத்துல கூடாது, நாயை விட்டு மானைத் துரத்திச் சுடக் கூடாது. மேரிலாந்து இன்னும் சிக்கல், கவுன்ட்டிக்குக் கவுன்ட்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) வேற, சில கவுன்ட்டியில காலை 10:30யோட நிறுத்திடணும். பக்கத்துப் பக்கத்துல ரெண்டு கவுன்ட்டி, ரோட்டுக்கு இந்தப் பக்கம் சரி, அந்தப் பக்கம் குத்தம். உள்ளூர்ல பொறந்து வளர்ந்தவனே குழம்புவான், என்ன மாதிரி வெளியூர்ல இருந்து ட்ரெயில், அதாவது காட்டு நடைபாதை, தேடி வர்றவன் என்ன செய்வான்? நேரம் வெச்சுக் கட்டறது கேக்க நல்லாத்தான் இருக்கு, சர்ச்சுக்குப் போறவங்களுக்கு மரியாதையும்கூட, ஆனா காட்டுல நடக்கறவனுக்கு இதுல ஒரு பாதுகாப்பும் இல்லை, அவன் 1 மணிக்கும் அங்கதானே நடந்துக்கிட்டு இருப்பான்.

வர்ஜீனியாதான் எனக்கு ரொம்பக் கத்துக்கொடுத்துச்சு. 2014ல தனியார் நிலத்துல மட்டும், எழுத்துல அனுமதியோட, ஞாயிறு வேட்டைனு திறந்தாங்க. அவன் நிலம், அவன் முடிவு, இதுக்கு மேல சுலபமா ஒரு தீர்வு இருக்க முடியாதுனுதான் நானும் நெனச்சேன். அப்புறம்தான் உறைச்சுச்சு, அந்த எட்டு வருஷம் சொந்த நிலம் இருக்கறவனுக்கும் நிலக்காரனோட பழக்கம் இருக்கறவனுக்கும் ஞாயிறு கெடைச்சுது, பொதுக்காட்டை மட்டும் நம்பி இருந்தவனுக்கு ஒண்ணுமில்லை. எந்தக் கூலிக்காரனைக் காட்டித் தடையை எடுக்கச் சொன்னாங்களோ அவனேதான் வெளியில நின்னான். 2022ல பொது நிலத்துக்கும் திறந்துட்டாங்க, வழிபாட்டு இடத்துல இருந்து 200 கஜம் தள்ளி இருந்தா போதும்னு.

நாலாவது முழுசாத் திறக்கறது. பென்சில்வேனியா 2025 ஜூலையில 1873 தடையையே எடுத்துட்டு, எந்த ஞாயிறுங்கற முடிவை வேட்டைத்துறை கையில கொடுத்துடுச்சு, கவர்னர் ஜாஷ் ஷபீரோ கையெழுத்து போட்டாரு. பல வருஷம் எதிர்த்த விவசாயிகள் சங்கமும் இந்தத் தடவை ஆதரிச்சுது, சோளத்தையும் சோயாவையும் மான் மேயற மேய்ச்சல்ல அவங்க நொந்துபோயிருந்தாங்க. உடனே அந்த வருஷமே செப்டம்பர் 14ல இருந்து டிசம்பர் 7 வரைக்கும் வரிசையா 13 ஞாயிறு அறிவிச்சாங்க. இலையுதிர் காலம் பூரா, அதாவது இலை செவந்து, கொசு இல்லாம, குளிர் ஏறாம நடக்கறதுக்குத் தோதா இருக்கற அந்த மூணு மாசம் பூரா. மூணுல இருந்து 13க்கு ஒரே தாவு, நடுவுல ஒரு படியும் இல்லை. ட்ரெயில் சங்கத்துக்காரங்க எதிர்த்ததுல நியாயம் இருந்துச்சு.

இங்க ரெண்டு தரப்பும் மிகைப்படுத்தற விஷயம் ஒண்ணொண்ணு இருக்கு. ஞாயிறைத் திறந்தா மான் கூட்டம் குறைஞ்சுடும்னு ஒரு பக்கம். பெண் மானுக்கு எத்தனை லைசென்ஸ்னு ஒவ்வொரு மண்டலத்துக்கும் துறைதான் எண்ணிக் கொடுக்குது, கொம்பு மான் ஆளுக்கு வருஷத்துக்கு ஒண்ணு. நாள் கூடினா ஆளுக்கு வாய்ப்பு கூடுமே ஒழிய அந்த உச்சவரம்பு தானா ஏறாது. இன்னொரு பக்கம் நடக்கப் போனா குண்டடி படும்னு பயமுறுத்தறது. வேட்டை விபத்துல அடிபடறது பெரும்பாலும் வேட்டைக்காரங்களேதான். வீட்டுல இருந்து 150 கஜத்துக்குள்ள துப்பாக்கி கூடாது, வேட்டைக்காரங்க தூரத்துல இருந்தே தெரியற ஆரஞ்சு உடுப்பு போடறது கட்டாயம்னு சட்டமும் இருக்கு. ஆனா ஆபத்து கம்மினு கணக்கு தெரிஞ்சாலும் நூறடி தள்ளி வெடிச் சத்தம் கேட்டா ஏழு வயசுப் பொண்ணு என் கையை இறுக்கிப் பிடிக்கறா, அப்புறம் அந்த நடையில அவளுக்கு சந்தோஷம் இருக்கறதில்லை. அமைதியைத்தான் இழக்கறோம், அதையே வாதமா வெக்கலாம், உயிர் பயத்தைக் காட்ட வேண்டியதில்லை.

வாத்து வேட்டைக்காரங்க கதை தனி. இடம்பெயர்ற பறவைங்களுக்கு மொத்த சீசன் நாளை மத்திய அரசு வரையறுக்குது, மாநிலச் சட்டத்துல ஞாயிறு தடை இருந்தா அந்த நாளைக் கழிச்சு வேற நாள்ல ஈடு வாங்கிக்கலாம். ஞாயிறைத் திறந்தா அந்த ஈடு போயிடும், அதனால பென்சில்வேனியாவுல இடம்பெயர்ற பறவைகளை ஞாயிறு பட்டியல்ல சேர்க்கலை.

சரி, என் முடிவு. தடையா திறப்பானு கேக்கறதை விட, எந்த நிலம், அதுக்குக் காசு போட்டது யாருனு கேக்கணும். தனியார் நிலத்துல நிலக்காரர் எழுதிக் கொடுத்தா எந்த ஞாயிறும் சரி, அதுல எனக்கு எந்த உரிமையும் இல்லை. பென்சில்வேனியாவுல மாநில வேட்டை நிலம்னு கிட்டத்தட்ட 15 லட்சம் ஏக்கர் இருக்கு, அது வேட்டைக்காரங்க லைசென்ஸ் காசுலயும், 1937ல இருந்து துப்பாக்கி, தோட்டா மேல வசூலாகற மத்திய வரியில வர்ற பங்குலயும் உருவாகிப் பராமரிக்கப்படற நிலம். அங்க எல்லா ஞாயிறையும் அவங்களுக்கே கொடுத்துடலாம்னுதான் சொல்வேன். எங்களுக்கு வலிக்கும்தான், ஏன்னா நவம்பர் 15 முதல் டிசம்பர் 15 வரை அங்க யார் போனாலும் ஆரஞ்சு போடணும், ஞாயிறு மட்டும் விலக்குனு அவங்களோட பழைய விதியே இருந்துச்சு. அந்த ஒரு நாளை எங்களுக்குனு அவங்களே விட்டு வெச்சிருந்தாங்க. ஆனாலும் நிலம் அவங்க காசு, நான் ஒத்த டாலர் போட்டதில்லை.

மாநில வனமும் மாநிலப் பூங்காவும் அப்படி இல்லை, அது எல்லார் வரிப்பணமும். 22 லட்சம் ஏக்கர் மாநில வனத்துல பழைய மாதிரி எண்ணிக் கொடுக்கணும். மூணு கம்மின்னா அஞ்சு ஆறு ஞாயிறு கொடுங்க, தேங்க்ஸ்கிவிங் ஞாயிறு கண்டிப்பா அதுல இருக்கட்டும், அந்தக் காலேஜ் பையனுக்காக. அக்டோபர் நடுவுல இலை செவக்கற ரெண்டு ஞாயிறு மட்டும் நடக்கறவங்களுக்கு விட்டுடுங்க. பொதுக்காட்டை நம்பற கூலிக்காரன் வர்ஜீனியா மாதிரி வெளியில நிக்க மாட்டான், வேட்டை நிலத்துல அவனுக்கு எல்லா ஞாயிறும் இருக்கு. தேதியை முடிவு பண்றது சட்டசபை இல்லை, துறைதானே, அதனால இதுக்குப் புதுச் சட்டமே வேணாம், ஒவ்வொரு வருஷமும் சீசன் தேதி தீர்மானிக்கற கூட்டத்துக்கு முன்னாடி பொதுமக்கள் கருத்து கேப்பாங்க, வேட்டைக்காரங்க தவறாம எழுதறாங்க, நடக்கறவங்க எழுதறது ரொம்பக் கம்மி. நான் இந்தத் தடவை எழுதிட்டேன்.

அதுவரைக்கும் இங்க இருக்கற நம்ம ஆளுங்க செப்டம்பர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் ஞாயிறு நடக்கப் போனீங்கன்னா, போற இடம் வேட்டை நிலமா, வனமா, பூங்காவானு முன்னாடியே மேப்ல பாத்துக்குங்க. வேட்டையே அனுமதிக்காத பூங்காவும் இருக்கு. கடையில ஆரஞ்சு வெஸ்ட் பத்து டாலருக்குள்ள கெடைக்கும், தலைக்கு ஒரு ஆரஞ்சு தொப்பி, குழந்தைக்கும் ஒண்ணு, நாய் இருந்தா அதுக்கும் ஒண்ணு. வெள்ளைத் தொப்பியும் பழுப்பு ஜாக்கெட்டும் வேணாம், வெள்ளைவால் மான் தூரத்துல இருந்து பாத்தா அந்த ரெண்டு கலர்லதான் தெரியும்.