மஸ்கட்டிலிருந்து சலாலா: கடலோர வழியா, நடுப் பாலைவன வழியா?

ஓமானின் தலைநகர் மஸ்கட்டிலிருந்து தெற்குக் கோடியில் உள்ள சலாலாவுக்கு வண்டியில் போக இரண்டு வழி உண்டு. ஒன்று, நிஸ்வா, ஆதம், ஹைமா, தும்ரைத் என்று நாட்டின் நடுவே நூல் பிடித்தது போல இறங்கும் 31-ஆம் எண் நெடுஞ்சாலை. ஏறக்குறைய 1000 கிலோமீட்டர். விடியலுக்கு முன் கிளம்பினால் ராத்திரிச் சாப்பாடு சலாலாவில். இன்னொன்று, சூர், அல் அஷ்கரா, துகம், ஷுவைமியா, ஹாசிக், மிர்பாத் என்று கடலை இடப்பக்கம் வைத்துக்கொண்டே போகும் வழி. 1200 கிலோமீட்டரைத் தாண்டும். அதில் ஐந்து இரவாவது கூடாரம் போட்டால்தான் போனதற்குப் பொருள் உண்டு.

நாங்கள் ஐந்து பேர், இரண்டு வண்டி. இரண்டு வழியிலும் கூடாரம், அடுப்பு, தண்ணீர்க் கேன் சகிதம் போய் வந்திருக்கிறோம். யார் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான்: போகும்போது கடலோரம், திரும்பும்போது நடுவழி. மாற்றிப் போட வேண்டாம். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நடுவழி

இந்தச் சாலையைப் பலர் ஒன்றுமில்லாத சாலை என்பார்கள். ஆதம் தாண்டியதும் மலைகள் பின்னால் போய்விடும். அப்புறம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்குத் தட்டையான சரளை நிலம். ஆனால் ஹைமாவைச் சுற்றியுள்ள ஜித்தத் அல் ஹராஸிஸ் சமவெளிக்கு ஒரு கதை உண்டு. காட்டில் அற்றுப்போன அரேபிய ஓரிக்ஸ் மானை 1982-ல் மறுபடி திறந்த வெளியில் விட்ட இடம் இது. 1994-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அப்புறம் திருட்டு வேட்டையால் மான்கள் குறைந்தன, சரணாலயத்தின் பரப்பையும் வெகுவாகச் சுருக்கினார்கள். 2007-ல் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். அந்தப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட முதல் இடம் இதுதான். இது தெரிந்த பிறகு அந்தச் சமவெளியைத் தூங்கிக்கொண்டு கடக்க எனக்கு மனம் வருவதில்லை.

கூடாரம் போட நடுவழியில் இரண்டு நல்ல விஷயங்கள். ஒன்று வானம். ஊர் வெளிச்சம் இல்லாத அந்த இருட்டில் பால்வீதி தலைக்கு மேல் தெளிவாகத் தெரியும். இன்னொன்று நிலம் கெட்டி. சாலையை விட்டு இரண்டு மூன்று கிலோமீட்டர் உள்ளே போனாலும் பெரும்பாலும் வண்டி புதையாது. கண்ணுக்கு எட்டிய தூரம் மறைப்பு இல்லாததுதான் குறை. காற்று எழுந்தால் ஒதுங்க ஒரு பாறை கிடைக்காது. அந்த நிலத்தில் கறுத்த கல் ஒன்று தனியாகக் கிடந்தால் அது விண்கல்லாக இருக்க வாய்ப்பு உண்டு. உலகில் விண்கற்கள் நிறையக் கிடைத்த இடங்களில் இதுவும் ஒன்று. பார்க்கலாம், எடுத்துக்கொண்டு வரக்கூடாது.

தும்ரைத்துக்கு மேற்கே அல் ஹஷ்மான் பக்கம் போனால் ரூப் அல் காலி என்ற பெரும் பாலைவனத்தின் மணல் மலைகள் தொடங்கும். உண்மையில் நடுவழியின் சிறந்த முகாம் அதுதான். ஆனால் அதற்காகத் தனியாக ஒரு நாள் ஒதுக்க வேண்டும், ஒற்றை வண்டியில் போகவே கூடாது.

இந்த வழியின் ஆபத்து சாலையிலேயே இருக்கிறது. கண்ணைக் கட்டும் நேர்கோடு, எதிரே கனரக லாரிகள், இருட்டினால் ஒட்டகம். இரட்டைச் சாலையாக்கும் வேலை கட்டம் கட்டமாக நடந்து வந்திருக்கிறது. ஒற்றைச் சாலை உள்ள பகுதியில் அவசரப்பட்டு முந்தப் போய் உயிர் விட்டவர்கள் பலர். ஒட்டகத்துக்குக் கால் நீளம். இடித்தால் அதன் உடல் முழுவதும் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வந்து விழும். பொழுது சாய்ந்த பிறகு இந்தச் சாலையில் ஓட்டுவதில்லை என்பது எங்கள் கட்டுப்பாடு.

கடலோர வழி

மஸ்கட் முதல் சூர் வரை நல்ல அகலச் சாலை. பிம்மா பள்ளம், ஃபின்ஸ் கடற்கரை, வாடி ஷாப் எல்லாம் வார இறுதியில் போய் வரும் தூரம்தான் என்பதால் இந்தப் பகுதியை நான் வேகமாகக் கடந்துவிடுவேன். கல்ஹாத்தில் மட்டும் நிற்கலாம். மார்க்கோ போலோ எழுதிய, இப்னு பதூதா வந்து போன துறைமுகம். 2018-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பீபி மரியம் கல்லறையைத் தவிர இன்று கண்ணுக்குப் படுவது இடிபாடுகள்தான். ராஸ் அல் ஜின்ஸில் பச்சைக் கடலாமைகள் ஆண்டு முழுவதும் முட்டையிட வரும், கோடையில் அதிகமாக. அது காப்பிடம், கரையில் கூடாரம் போட முடியாது. வழிகாட்டியோடு மட்டும் ராத்திரியிலோ விடியலுக்கு முன்போ போய்ப் பார்க்கலாம்.

உண்மையான பயணம் அல் அஷ்கராவுக்குத் தெற்கே தொடங்குகிறது. ஷர்க்கிய்யா மணல்வெளி நேராகக் கடலில் வந்து இறங்கும் இடம் அது. நம் திணைக் கணக்கில் பாலையும் நெய்தலும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கும். சாலையின் குறுக்கே மணல் நாக்கு நீட்டியிருக்கும். 120-ல் போய் அதில் ஏறினால் வண்டி கைவிட்டுப் போகும், அதனால் இங்கே 80 போதும்.

அதற்கும் தெற்கே பர் அல் ஹிக்மான். குளிர்காலத்தில் லட்சக்கணக்கான கரைப்பறவைகள் வந்து இறங்கும் சேற்றுவெளி. அதைச் சுற்றி சப்கா, அதாவது உப்புப் படிந்த தரை. மேலே பார்த்தால் காய்ந்த சிமெண்ட் போல இருக்கும், அடியில் கூழ். எங்கள் முதல் பயணத்தில் தண்ணீருக்குப் பக்கத்தில் கூடாரம் போடும் ஆசையில் ஒரு வண்டி பழைய தடத்தை விட்டு இருநூறு மீட்டர் விலகியது. அச்சு வரை இறங்கிவிட்டது. மணலில் புதைந்தால் டயர் காற்றை 15 அல்லது 18 பிஎஸ்ஐ வரை இறக்கி, மண்ணைத் தோண்டி எடுத்து வெளியே வந்துவிடலாம். சப்காவில் அது பலிக்காது. தோண்டத் தோண்ட உப்புத் தண்ணீர் ஊறும். கெட்டித் தடத்தில் நின்ற இரண்டாவது வண்டியும், நீளக் கயிறும், வழியில் வந்த ஓமானி மீனவர் ஒருவரின் பிக்கப்பும் சேர்ந்து நாலு மணி நேரம் ஆயிற்று. அந்த மீனவர் போகும்போது சொன்னது இது: முன்னால் யாரும் போகாத இடத்தில் நீங்கள் முதலில் போகாதீர்கள். பல வருடம் அந்தக் கரையில் ஓட்டியவர் சொன்ன சொல், அதை நாங்கள் மீறியதில்லை.

அல் கலூஃபில் வெள்ளை மணல் குன்றுகள் கடலோரமாகவே நிற்கின்றன. அங்கே போக ஈர மணலில், கடல் வற்றியிருக்கும் நேரத்தில் ஓட்ட வேண்டும். ஓத அட்டவணையை முதல் நாளே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஏறத் தொடங்கினால் ஒரு பக்கம் குன்று, மறுபக்கம் அலை, திரும்ப இடம் இருக்காது. கூடாரத்தை எப்போதும் பழைய பாசிக்கோட்டுக்கு நன்றாக மேலே போடுங்கள்.

மஸீரா தீவுக்கு ஷன்னாவிலிருந்து ஃபெரி. வண்டியையும் ஏற்றலாம். அருமையான தீவு, ஆனால் இரண்டு நாளை விழுங்கும். ஏழு நாளுக்குக் குறைவாக விடுப்பு இருந்தால் விட்டுவிடுங்கள்.

துகம் தாண்டி ராஸ் மத்ரகா. கறுத்த பாறை, வெளுத்த மணல். அங்கே காற்றைப் பற்றித் தெரியாமல் கூடாரம் போட்டோம். ராத்திரி இரண்டு மணிக்கு முளைகள் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டன. மணலில் சாதாரண முளை நிற்காது. பையில் மணலை நிரப்பி, கயிற்றைக் கட்டிப் புதைத்தால் நிற்கும். வண்டிக் கூரையில் விரியும் கூடாரத்தைப் பலர் சிபாரிசு செய்கிறார்கள். தேள் பயமில்லை, விரிக்க ஐந்து நிமிடம், எல்லாம் சரி. ஆனால் இந்தக் கரையில் காற்று அதைத்தான் முதலில் பிடிக்கிறது, இரவு முழுக்க வண்டியோடு ஆடும். தாழ்வான தரைக் கூடாரம், காற்று வரும் பக்கம் வண்டியைக் குறுக்கே நிறுத்துவது, இதுவே எனக்குத் தூக்கம் தந்தது. விடிந்தால் பனி ஈரத்தில் எல்லாம் சொட்டும். காயவைத்து மடிக்க அரை மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஷுவைமியாவிலிருந்து ஹாசிக் வரையிலான சாலைக்காகவே இந்த வழியைத் தேர்ந்தெடுக்கலாம். ஒரு பக்கம் சம்ஹான் மலையின் செங்குத்துச் சுவர், மறுபக்கம் நேர் கீழே கடல். முன்னே இங்கே தார்ச்சாலை கிடையாது, சலாலா போக உள்நாட்டில் பெரிய சுற்று சுற்ற வேண்டும். இப்போது மலையைக் குடைந்து, வளைத்து, வளைத்து இறக்கியிருக்கிறார்கள். கடலுக்குள் ஹல்லானிய்யாத் தீவுகள். வாஸ்கோ ட காமாவின் இரண்டாம் பயணத்தில் வந்த எஸ்மரால்டா என்ற கப்பல் 1503-ல் மூழ்கியது அங்கேதான். அடிக்கடி நிறுத்திப் பார்ப்போம் என்று முடிவு செய்துகொண்டே அந்தப் பகுதிக்கு அரை நாள் ஒதுக்குங்கள்.

மிர்பாத் தாண்டி கோர் ரோரியில் சும்ஹுரம் என்ற பழைய துறைமுகத்தின் இடிபாடு. சலாலா பக்கத்துச் சாம்பிராணி மரங்களின் பிசின், ஓமானில் லுபான், நம்மிடம் குந்திரிக்கம், இங்கிருந்துதான் கப்பலேறியது. இங்கே கிடைத்த ஒரு பானையோட்டில் தமிழி என்ற பழைய தமிழ் எழுத்தில் ‘ணந்தை கீரன்’ என்று ஒரு பெயர் இருக்கிறது. ஏறத்தாழ 2000 வருடத்துக்கு முன் நம் ஊர்க்காரர் ஒருவர் தன் பாத்திரத்தில் பெயரைக் கீறிக்கொண்டு இந்தக் கரைக்கு வந்திருக்கிறார். ஐந்து நாள் உப்புக்காற்றில் வந்து இறங்கி அந்தக் கற்சுவர்களுக்கு நடுவே நின்றபோது எங்களில் யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. விமானத்தில் வந்து இறங்கியிருந்தால் அது அப்படிப் பட்டிருக்குமா என்று தெரியவில்லை.

நண்பர்களோடு என்றால்

எனக்கு முக்கியமான வித்தியாசம் இங்கேதான். நடுவழியில் ஓட்டுபவர் தனியாகிவிடுகிறார். இரண்டு மணி நேரத்தில் பின் இருக்கை தூங்கிவிடும், பேச்சு நின்றுவிடும். சேர்ந்து போகிறோம், ஆனால் சேர்ந்து இருப்பதில்லை. கடலோரத்தில் மணிக்கொரு முறை யாராவது நிறுத்தச் சொல்வார்கள். மாலை மூன்று மணிக்கு இடம் தேட ஆரம்பித்தால் நாலரைக்குள் ஒருவர் அடுப்பில், ஒருவர் கயிற்றில், ஒருவர் மீனவர்களிடம் மீன் வாங்கப் போய்விடுவார். பல மாதம் ஒரே கட்டடத்தில் இருந்தும் பேசாத விஷயங்களை அந்தத் தீயின் முன்னால்தான் பேசினோம். எங்களில் ஒருவர் ஊருக்கே திரும்பிவிடலாமா என்று யோசிப்பதை ஷுவைமியாவின் வெள்ளைப் பாறை அடியில்தான் எங்களிடம் சொன்னார்.

போகும்போது கடலோரம் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் இதுதான்: உடம்பிலும் மனதிலும் தெம்பு இருக்கும்போது செய்ய வேண்டிய வழி அது. தென்மேற்கே போவதால் காலை வெயில் பெரும்பாலும் இடப்பக்கம் இருக்கும். மூன்று மணிக்கு நிறுத்திவிட்டால் மாலை வெயிலும் முகத்தில் அடிக்காது. திரும்பும்போது எல்லோருக்கும் வீடு நினைப்பு வந்துவிடும், மறுநாள் வேலை இருக்கும். அப்போது நேரம் தவறாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது நடுவழி.

பருவம் நவம்பர் முதல் மார்ச் தொடக்கம் வரை. ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரையிலான கரீஃப் என்ற பருவமழைக் காலத்தில் கதை தலைகீழ். தென்மேற்குப் பருவக்காற்று இந்தக் கரையை விடாமல் அடிக்கும். துகமும் அல் அஷ்கராவும் உள்நாட்டைவிடக் குளிர்ச்சியாக இருக்கும் என்பது உண்மை, ஆனால் கூடாரம் நிற்காது, கடலில் இறங்கவும் முடியாது. அந்த மழையில் பச்சையாகும் சலாலா மலையைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் நடுவழியில் போய்விட்டு, கூடாரத்தை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

இரண்டு வழிக்கும் பொதுவாக: பங்க் கண்ணில் பட்டால் பாதி டாங்க் இருந்தாலும் நிரப்புங்கள். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் குடிக்கவும் சமைக்கவும் 5 லிட்டர் தண்ணீர், அதற்கு மேல் இரண்டு நாள் இருப்பு. காற்றடிக்கும் கம்ப்ரெஸர் வண்டிக்கு ஒன்று. போலீஸ், ஆம்புலன்ஸ் இரண்டுக்கும் 9999. கடலோரத்தில் சிக்னல் இல்லாத நீளங்கள் உண்டு என்பதால் எங்கே, எந்த நாள் என்று மஸ்கட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

நாலு நாள்தான் கிடைத்தது என்றால் சலாலாவை மறந்துவிடுங்கள். கடலோரமாக ராஸ் மத்ரகா வரை மூன்று இரவு. நாலாம் நாள் காலை துகம் வந்து, அங்கிருந்து மேற்கே ஹைமாவுக்கு ஏறும் சாலையைப் பிடித்தால் நடுவழியில் போய்ச் சேரும். மதியத்துக்குள் ஹைமாவைத் தாண்டிவிடுங்கள், இருட்டுவதற்குள் நிஸ்வா வந்துவிடும்.