ஆட்டுக்கல் இருந்த மூலையில் கேக் மேடை: நான்கு வருட அனுபவம்

எங்கள் வீடு மதுரையில், 1994-இல் மாமா கட்டியது. சமையலறை பத்துக்கு எட்டு. அடுப்பு மேடைக்கு எதிர்ச்சுவரில், ஜன்னலுக்குக் கீழே ஒரு மூலை. அந்தக் காலத்தில் அங்கேதான் ஆட்டுக்கல் பதித்திருந்தார்கள். கிரைண்டர் வந்ததும் கல்லைப் பெயர்த்துக் கொல்லைப்புறம் போட்டுவிட்டார்கள். அதன் பிறகு பழைய பேப்பர், வெங்காயக் கூடை, கால் உடைந்த ஸ்டூல் என்று எல்லாம் அங்கே போய்ச் சேர்ந்தன. 2021 ஆகஸ்டில் அந்த மூலையிலிருந்து ஆறரை அடி நீளத்துக்கு ஒரு கிரானைட் மேடை போட்டு, பேக்கிங்குக்கென்றே ஒதுக்கினேன். நான்கு வருடமாக வாரத்தில் மூன்று நாளாவது அங்கே நின்று வேலை செய்கிறேன்.

வீட்டில் இப்படி ஓர் இடம் அமைக்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்த ஓவன் வாங்கலாம் என்பதைத்தான். ஓவன் அப்புறம். முதலில் கரண்டு, பிறகு மேடையின் உயரம், பிறகு ஓவனுக்குப் பக்கத்தில் காலி இடம். இவை சரியாக இருந்தால் சாதாரண ஓவனிலேயே நிம்மதியாக வேலை பார்க்கலாம். இவை சரியில்லை என்றால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அது பரணுக்குத்தான் போகும். என் பழைய ஓ.டி.ஜி. (மேடையில் வைக்கிற மின்சார ஓவன்) இரண்டு வருடம் பரணில்தான் இருந்தது. கேக் செய்ய வேண்டும் என்றால் அதை இறக்கி, துடைத்து, சாப்பாட்டு மேசையில் வைக்க வேண்டும். மைதா ஒரு அலமாரியில், கேக் டின் இன்னொன்றில், முட்டை, வெண்ணெய் அடிக்கும் பீட்டர் பீரோவுக்கு மேலே. எல்லாவற்றையும் எடுத்து வைக்கவே முக்கால் மணி நேரம். முடித்த பிறகு திரும்ப ஏற்ற இன்னொரு முக்கால் மணி நேரம். ஆசை இருந்தும் மாதம் ஒரு தடவைக்கு மேல் செய்ய முடியவில்லை.

கரண்டு விஷயத்தில் நான் பட்டது மற்றவர்கள் படக் கூடாது. என் இப்போதைய ஓ.டி.ஜி. 60 லிட்டர், 2000 வாட். 230 வோல்ட்டில் அது இழுக்கும் மின்சாரம் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர். மிக்ஸி போடும் சின்ன பிளக் பாயின்ட் 6 ஆம்பியருக்கானது. பழைய ஓவனை, பெரிய பிளக்கைச் சின்ன பாயின்ட்டில் மாட்டும் ஒரு அடாப்டரை வாங்கி எக்ஸ்டென்ஷன் பெட்டியில் சொருகித்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் பிஸ்கட் வைத்துவிட்டு ஹாலில் இருந்தேன். வெண்ணெய் வாசனையோடு பிளாஸ்டிக் பொசுங்குகிற நாற்றமும் வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் எக்ஸ்டென்ஷன் பெட்டியின் ஒரு பக்கம் பழுப்பாகி உள்வாங்கியிருந்தது. மெயினை அணைத்துவிட்டுத்தான் பிளக்கைப் பிடுங்கினேன். அந்த நாற்றம் இன்னும் நினைவில் இருக்கிறது.

அதனால் மேடை கட்டும் முன்பே எலக்ட்ரீஷியனை வரச் சொன்னேன். மெயின் பெட்டியிலிருந்து ஓவனுக்கு மட்டும் தனி லைன், 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், 20 ஆம்பியர் எம்.சி.பி. (மின்சாரம் மிஞ்சினால் தானே அணைந்துவிடும் சுவிட்ச்), முனையில் 16 ஆம்பியர் பாயின்ட். பீட்டருக்கும் தராசுக்கும் தனியாக இரண்டு சின்ன பாயின்ட்டுகள். இவற்றை மேடையிலிருந்து ஒரு அடி உயரத்தில் வைக்கச் சொன்னேன். பால் கொட்டினாலும் பாயின்ட்டுக்குள் போகாது, பீட்டரின் வயரும் மாவில் புரளாது. மொத்தம் 3,800 ரூபாய் ஆயிற்று. நான்கு வருடத்தில் ஒரு தடவைகூட பிளக் சூடானதில்லை. பில்லைப் பற்றி வீட்டில் கவலைப்பட்டார்கள். மீட்டரைப் பார்த்துக் குறித்து வைத்தேன். கால் மணி நேரம் முன்சூடு, முக்கால் மணி நேரம் 180 டிகிரியில் கேக்; சுமார் ஒன்றேகால் யூனிட் ஓடுகிறது. சூடு ஏறியதும் தெர்மோஸ்டாட் அணைத்து அணைத்துப் போடுவதால் முழு இரண்டு யூனிட் ஆவதில்லை.

மேடையின் உயரத்தைச் சொன்னது அத்தை. கொத்தனார் அடுப்பு மேடையின் அளவுக்கே, 34 அங்குலம் கட்டிவிடுகிறேன் என்றார். அத்தை கூடத்திலிருந்தே குரல் கொடுத்தார்.

"ஏம்மா, அதுலயா மாவு பெசையப் போற? பரோட்டாக் கடையில பாரு, கல்லு இடுப்புக்குத்தான் இருக்கும். மேல இருந்து அமுக்குனாத்தான் மாவு வழிக்கு வரும். இல்லன்னா தோள்பட்டைதான் போகும்."

அன்று மாலையே தெருமுனைக் கடைக்குப் போய் நின்று பார்த்தேன். மாஸ்டர் மாவை அடிக்கிற பலகை அவருடைய இடுப்புக்கும் ஒரு விரல் கீழேதான் இருந்தது. கையை மடக்காமல், உள்ளங்கையின் அடிப்பகுதியால் மாவைத் தள்ளுகிறார்; உடம்பின் பாரம் முழுக்க மாவில் இறங்குகிறது. நான் ஐந்தடி இரண்டு அங்குலம். 30 அங்குலத்துக்குக் கட்டச் சொன்னேன். ரொட்டி மாவு பன்னிரண்டு நிமிடம் பிசைந்தாலும் தோள் வலிப்பதில்லை. உங்கள் உயரம் வேறாக இருக்கும். நேராக நின்று, முழங்கையை மடக்கி, அங்கிருந்து எட்டு அங்குலம் கீழே அளந்து பாருங்கள். எனக்கு ஒத்துவந்த அளவு அதுதான்.

இந்த உயரத்தில் ஒரு குறையும் உண்டு. கேக்குக்கு ஐசிங் செய்யும்போது குனிய வேண்டியிருக்கிறது. முதல் வருடம் கிறிஸ்துமஸ் வாரத்தில் முதுகு பிடித்துக்கொண்டது. அப்புறம் ஆசாரியிடம் சொல்லி ஆறு அங்குல உயரத்தில் ஒரு மணை செய்து வாங்கினேன். சுழல் தட்டை அதன் மேல் வைத்தால் கேக் நெஞ்சுக்கு நேரே வந்துவிடுகிறது. வேலை முடிந்ததும் மணை மேடைக்கு அடியில் போய்விடும். பிசைய தாழ்வாகவும் அலங்கரிக்க உயரமாகவும் ஒரே மேடை இருக்க முடியாது. எதை அதிகம் செய்கிறீர்களோ அதற்கு ஏற்றபடி கட்டிக்கொள்ளுங்கள்.

கல் வாங்கப் போன இடத்தில் வெள்ளை மார்பிள் போடுங்கள், கேக்குக்கு அழகாக இருக்கும் என்றார்கள். பார்க்க அழகுதான். ஆனால் எலுமிச்சைச் சாறு பட்டால் மார்பிள் அரிக்கும், மஞ்சள் பட்டால் கறை போகாது. நம் வீட்டுச் சமையலறையில் இந்த இரண்டும் இல்லாத நாள் ஏது? கறுப்பு கிரானைட் போட்டேன். நான்கு வருடத்தில் ஒரு தழும்பு இல்லை. மைதா சிந்தினால் பளிச்சென்று தெரியும், துடைப்பதும் சுலபம்.

ஓவனை மேடையின் வலது கோடியில் வைத்திருக்கிறேன். பின்னால் நான்கு அங்குலம் இடைவெளி, பக்கத்திலும் அப்படியே. ஓ.டி.ஜி.யின் கதவு கீழ்நோக்கித் திறக்கும். இரண்டடி அகல மேடையில் பின்னால் இடம் விட்டு வைத்தால், திறந்த கதவு மேடையைத் தாண்டி ஒரு சாண் வெளியே நிற்கும். கடையில் பார்க்கும்போது இது தோன்றவே தோன்றாது. கதவுக்கு முன்னால் ஆள் நிற்க முடியாது. பக்கவாட்டில் நின்றுதான் டின்னை எடுக்க வேண்டும். எடுத்ததை வைக்க அதே பக்கத்தில், கைக்கெட்டும் தூரத்தில் இடம் வேண்டும்.

முதலில் நான் அப்படி இடம் விடவில்லை. ஓவனை ஒட்டியே ஸ்டாண்டு மிக்ஸரை வைத்திருந்தேன். 2022 டிசம்பரில் ஒரு மாலை, ஒரு கிலோ பிளம் கேக் டின்னை இரண்டு கையாலும் பிடித்து வெளியே எடுத்துவிட்டேன். வைக்க இடமில்லை. ஒரு கையில் கிளவுஸ். இன்னொரு கையில் நாலாக மடித்த துணி. துணியின் ஓரம் ஈரமாக இருந்ததை நான் கவனிக்கவில்லை. ஈரத்துணி சூட்டைச் சட்டென்று கடத்திவிடும். விரல் சுட ஆரம்பித்ததும் திரும்பி, கண்ணில் பட்ட கிரைண்டர் மூடியின் மேல் டின்னை இறக்கினேன். மூடி உருகி டின்னின் அடியில் ஒட்டிக்கொண்டது. கேக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு இரண்டு விரலில் கொப்புளம். மறுநாளே ஸ்டாண்டு மிக்ஸரை இடது கோடிக்கு மாற்றினேன். ஓவனுக்குப் பக்கத்தில் ஒன்றரை அடி இடத்தில் ஒரு கம்பி வலைத்தட்டு மட்டும் இருக்கிறது. அங்கே யாரும் எதையும், ஒரு டம்ளரைக்கூட, வைக்கக் கூடாது என்பது இப்போது வீட்டுச் சட்டம்.

ஓவனைப் பற்றி ஒன்று மட்டும். உள்ளே தொங்கவிடும் ஒரு தெர்மாமீட்டரை வாங்கிவிடுங்கள். என் ஓவனில் திருகை 180-இல் வைத்தால் உள்ளே 205 காட்டுகிறது. ஆறு மாதம் என் கேக்குகள் எல்லாம் நடுவில் வெடித்து, மேலே கறுத்து, உள்ளே ஈரமாக வந்ததற்கு அதுதான் காரணம். இப்போது 160-இல் வைக்கிறேன். திருகுக்குப் பக்கத்தில் டேப் ஒட்டி எழுதியே வைத்திருக்கிறேன்.

அடுப்பு மேடையிலிருந்து பேக்கிங் மேடையைப் பிரித்ததில் நான் எதிர்பார்க்காத ஒரு லாபம், வாசனை. வெண்ணெயும் சாக்லேட்டும் பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதன் வாசனையை இழுத்துக்கொள்ளும். முன்பெல்லாம் என் வெனிலா கேக்கில் லேசாகப் பெருங்காயம் மணக்கும். தாளிக்கிற எண்ணெய்ப் படலம் டின்களின் மேல் படிந்து பிசுபிசுக்கும். எதிர்ச்சுவருக்கு வந்ததும் அது போயிற்று. சல்லடை, பூரிக்கட்டை, பழம் நறுக்கும் பலகை மூன்றும் இந்த மேடைக்கென்று தனி. வெங்காயம் நறுக்கிய பலகையில் ஸ்ட்ராபெர்ரி நறுக்கினால் என்ன ஆகும் என்பதைத் தின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

சாமான் வைப்பதில் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. டின்களை ஒன்றின்மேல் ஒன்று அடுக்காமல், தட்டு ஸ்டாண்டில் செங்குத்தாக நிறுத்துங்கள்; அடியில் இருப்பதை எடுக்க எல்லாவற்றையும் இறக்க வேண்டியதில்லை. மைதாவைக் கடையிலிருந்து வந்ததும் நான்கு நாள் ஃப்ரீசரில் வைத்து, ஈரம் போக ஆறவிட்டுப் பிறகு எவர்சில்வர் டப்பாவில் கொட்டுகிறேன், வண்டு வருவதில்லை. ஐசிங் சர்க்கரையும் கோகோவும் ஐப்பசி மழையில் கட்டி தட்டிவிடும். இறுக்க மூடும் டப்பா வேண்டும். ஈஸ்ட் ஃப்ரிட்ஜில். மேடைக்கு அடியில் பழைய கடப்பா கல் தட்டை இடிக்காமல் விட்டுவைத்தேன். இருட்டாக, குளுமையாக இருக்கும் அந்த இடத்தில்தான் பிளம் கேக்குக்கு ஊறவைத்த பழ பாட்டில்கள் செப்டம்பர் முதல் உட்கார்ந்திருக்கும்.

மர வேலையில் ஏமாந்துபோனேன். ஈரம் தாங்குகிற ஐ.எஸ். 710 தர மரைன் பிளைவுட்தான் போட்டோம், பலகைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஓவனுக்கு நேர் மேலே ஒரு அலமாரி வைத்தது தப்பு. ஒரு வருடத்தில் கதவின் கீழ் ஓரப் பட்டி சூட்டில் பசை விட்டு உரிந்து தொங்கியது. இரண்டு முறை ஒட்டியும் நிற்கவில்லை. கடைசியில் அந்த அலமாரியையே கழற்றிவிட்டேன். ஓவனுக்கு மேலே சுவர் வெறுமையாக இருக்கட்டும். மர வேலைக்கு ஆன 18,000 ரூபாயில் இது மட்டும் வீண்.

சித்திரை, வைகாசி தனிக் கதை. வெண்ணெயையும் சர்க்கரையையும் நுரைக்க அடிக்க, வெண்ணெய் 18 முதல் 20 டிகிரிக்குள் இருக்க வேண்டும். மே மாதம் மதுரையில் மேடையில் வைத்த வெண்ணெய் கால் மணி நேரத்தில் குழம்பாகிவிடும். கிரானைட் குளுமை என்பதெல்லாம் மார்கழிக்குத்தான். அந்த இரண்டு மாதமும் விடிகாலை ஐந்து மணிக்கு வேலையைத் தொடங்குகிறேன். பாத்திரத்தையும் பீட்டர் கம்பியையும் முந்தின நாள் இரவே ஃப்ரிட்ஜில் வைத்துவிடுகிறேன். மதியம் செய்தே ஆக வேண்டும் என்றால் எண்ணெய் ஊற்றிச் செய்கிற கேக்தான். மின்விசிறியும் போட முடியாது, மைதா பறக்கும். அதனால் மேடைக்கு மேலே ஜன்னல் இருப்பது பெரிய துணை.

மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்டை நிறுத்தும் நாளை முந்தின நாள் பேப்பரிலேயே போட்டுவிடுகிறார்கள். ஆர்டர் எடுக்கும் முன் அதைப் பார்த்துவிடுவேன். வீட்டு இன்வெர்ட்டர் 2000 வாட்டைத் தாங்காது. (ஆர்டர் என்றதும் நினைவு வருகிறது: வீட்டிலிருந்து விற்பதானாலும் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் பதிவு வேண்டும். 2022-இல் நான் எடுத்தபோது ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு வருடம் 100 ரூபாய்தான்.)

இன்னொரு தடவை கட்டினால் இரண்டு விஷயம் மாற்றுவேன். கை கழுவ ஒரு சின்னத் தொட்டி இந்தப் பக்கமே வைப்பேன். மாவுக் கையோடு எதிர்ப்பக்கம் நடந்து, தரையெல்லாம் வெள்ளைத் தடம். விளக்கையும் என் முதுகுக்குப் பின்னால் இல்லாமல் மேடைக்கு நேர் மேலே போடச் சொல்வேன். இப்போது என் நிழல் கேக்கின் மேலேயே விழுகிறது. தொட்டிக்குத் தரையை உடைக்க வேண்டும், அது இப்போதைக்கு ஆகாது. விளக்கு மட்டும் அடுத்த வாரம் மாறுகிறது. எலக்ட்ரீஷியன் வரும் நாளை முன்கூட்டியே சொல்லிவிடு என்கிறார் அத்தை. சாயங்காலச் சப்பாத்திக்கு மாவு பிசைய அவருக்கும் இப்போது இந்த மேடைதான் வேண்டும்.