நீதிபதிகளின் எஸ்.ஆர். புத்தகம்: ஃபெடரல் ஜூடிஷியல் சென்டரின் இணையத் தொகுப்பு

ஜில்லா கோர்ட்டில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தேன், கடைசி ஆறு வருடம் சிரஸ்தாராக, அதாவது கோர்ட் அலுவலகத்தின் தலைமை எழுத்தராக. ஊழியர்களின் எஸ்.ஆர். (பணிப் பதிவேடு) புத்தகங்கள் என் பீரோவில்தான் இருக்கும். பிறந்த தேதி, பணியில் சேர்ந்த தேதி, மாறுதல், பதவி உயர்வு, ஓய்வு என்று எல்லாம் தேதியோடும் கையெழுத்தோடும் ஏறியிருக்கும். ஒருவரைப் பற்றி வராந்தாவில் என்ன பேசினாலும், எஸ்.ஆரைப் புரட்டினால் அவர் நடந்து வந்த பாதை தெரிந்துவிடும். அந்தக் கண்ணோடுதான் இந்தத் தொகுப்பையும் பார்த்தேன்.

என் மகள் நியூயார்க்கை அடுத்த ஒயிட் பிளெயின்ஸில் இருக்கிறாள். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய மறுவருடம் ஃபெடரல் கோர்ட்டிலிருந்து, அதாவது மத்திய அரசின் கோர்ட்டிலிருந்து, ஜூரி அழைப்பு வந்தது. “அம்மா, இங்க ஜட்ஜா யாரைப் போடறாங்க? பரீட்சை ஏதும் உண்டா?” என்று போனில் கேட்டாள். பரீட்சை கிடையாது, ஜனாதிபதி பெயரை அனுப்புவார், நாடாளுமன்ற மேலவையான செனட் ஒத்துக்கொள்ள வேண்டும் என்கிற அளவுக்கு எனக்குத் தெரியும். அதற்கு மேல் தெரிந்துகொள்ளத் தேடியபோது அகப்பட்டதுதான் இது.

அமெரிக்க ஃபெடரல் கோர்ட்டுகளுக்கு ஆராய்ச்சியும் பயிற்சியும் தருவதற்காக 1967இல் அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டம் போட்டு உண்டாக்கிய அமைப்பு ஃபெடரல் ஜூடிஷியல் சென்டர். 1789 முதல் இன்றுவரை ஆயுட்காலப் பதவி பெற்ற ஃபெடரல் நீதிபதிகள் எல்லாருக்கும் ஆளுக்கொரு பக்கம் வைத்திருக்கிறது. பணம் கட்ட வேண்டாம். விசாரணை நீதிமன்றமான டிஸ்ட்ரிக்ட் கோர்ட் தொடங்கி சுப்ரீம் கோர்ட் வரை எல்லாரும் இதில் உண்டு. நான் பார்ப்பது பெரும்பாலும் டிஸ்ட்ரிக்ட் நீதிபதிகளைத்தான். சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்பவர்கள் அவர்கள். என் ஆயுசும் அந்த மாதிரி ஹாலில்தானே கழிந்தது.

ஒரு பக்கத்தில் பத்துப் பதினைந்து வரிதான் இருக்கும். எங்கே பிறந்தார், எந்த ஜனாதிபதி எந்தத் தேதியில் பெயரை அனுப்பினார், யார் காலி செய்த இடத்துக்கு வந்தார், செனட் என்றைக்கு ஒப்புதல் தந்தது, நியமன ஆணை என்றைக்குக் கைக்கு வந்தது, பணி எப்படி முடிந்தது. அப்புறம் படிப்பு, அதற்கடுத்து செய்த வேலைகள். “சிறந்த”, “புகழ்பெற்ற” மாதிரி ஒரு சொல் கிடையாது. எனக்கு முதலில் பிடித்தது இதுதான்.

கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லியின் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1921இல் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவனில் பிறந்தவர். அப்பா, அம்மா இருவரும் கரீபியனில் உள்ள நெவிஸ் தீவிலிருந்து வந்தவர்கள். 1946இல் கொலம்பியாவில் சட்டப் படிப்பு. கறுப்பின மக்களின் உரிமைகளுக்காகப் போராடும் என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் சட்ட நிதியத்தில் இருபது வருடம் வக்கீல். பிறகு நியூயார்க் மாநிலத்தின் மேலவையான மாநில செனட், நியூயார்க் நகரின் ஒரு பகுதியான (பரோ) மன்ஹாட்டனின் தலைவர் பதவி. நடுவில் இரண்டு தேதிகள் வருகின்றன. ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் பெயரை அனுப்பியது 26 ஜனவரி 1966. செனட் ஒப்புதல் தந்தது 30 ஆகஸ்ட் 1966. நடுவில் எத்தனை நாள் என்று காலண்டரை வைத்து எண்ணினேன். 216.

எஸ்.ஆரில் இப்படி ஓர் இடைவெளி இருந்தால் அங்கே ஏதோ நடந்திருக்கிறது என்பது எங்கள் செக்ஷனில் எல்லாருக்கும் தெரியும். விவரம் பக்கத்தில் இல்லை. வேறு இடங்களில் படித்துத் தெரிந்துகொண்டேன். ஜேம்ஸ் மெரிடித் என்ற கறுப்பின மாணவரை மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் சேர்க்க வைக்க நடந்த வழக்கை நடத்தி ஜெயித்தவர் மோட்லி. நீதிபதி நியமனங்களை முதலில் பார்க்கும் செனட் கமிட்டிக்கு அப்போது தலைவர் ஜேம்ஸ் ஈஸ்ட்லாண்ட். அவர் மிசிசிப்பியின் செனட்டர், இனப் பிரிவினையின் தீவிர ஆதரவாளர். மோட்லி கம்யூனிஸ்ட் என்ற குற்றச்சாட்டைக் கிளப்பி, ஏழு மாதம் ஃபைலை நகரவிடாமல் வைத்திருந்தார். கடைசியில் நியமனம் நடந்தது. அமெரிக்காவின் முதல் கறுப்பினப் பெண் ஃபெடரல் நீதிபதி ஆனார் மோட்லி. சுப்ரீம் கோர்ட்டில் பத்து வழக்கு வாதாடி ஒன்பதில் ஜெயித்த ஒருவரை 216 நாள் காக்க வைத்திருக்கிறார்கள். அந்த இரண்டு தேதிகளை இன்று படிக்கும்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

காரணத்தைப் பக்கத்தில் எழுதியிருக்கக் கூடாதா என்று மகள் கேட்டாள். கூடாது என்பதுதான் என் அபிப்பிராயம். பதிவேட்டில் காரணம் எழுத ஆரம்பித்தால், எழுதுகிறவரின் மனசும் கூடவே ஏறிவிடும். தேதி மட்டும் சரியாக இருக்கட்டும், தேடுகிறவர்கள் காரணத்தைக் கண்டுபிடித்துக்கொள்வார்கள்.

மோட்லியின் பக்கத்தில் இன்னொரு வரி: 30 செப்டம்பர் 1986 முதல் சீனியர் ஸ்டேட்டஸ். இது ஓய்வு இல்லை. வயது 65, பணி 15 வருடம் முடிந்த நீதிபதி இப்படி மாறிக்கொண்டால், அவருடைய இடம் காலியானதாகக் கணக்கு, புதியவரை நியமிக்கலாம். அவரோ விருப்பப்பட்ட அளவு வழக்குகளைத் தொடர்ந்து பார்க்கலாம். மோட்லிக்கு 65 முடிந்தது அந்த மாதம் 14ஆம் தேதி. பதினாறே நாளில் மாறியிருக்கிறார். ஆனால் பணி முடிந்த தேதி 28 செப்டம்பர் 2005, காரணம் மரணம். முப்பத்தொன்பது வருடம்! நம் ஊரில் ஜில்லா ஜட்ஜுக்கு அறுபது வயதில் மாலை போட்டு அனுப்பிவிடுவோம். அந்த வரியை நான் இரண்டு தடவை படித்தேன்.

மகளுக்குக் காட்டிய இன்னொரு பக்கம் அருண் சுப்ரமணியனுடையது. பெயரைப் பார்த்ததும் போனிலேயே சத்தம் போட்டாள். 1979இல் பிட்ஸ்பர்க்கில் பிறந்தவர். மோட்லி படித்த அதே கொலம்பியாவில் 2004இல் சட்டம் முடித்தார். மூன்று நீதிபதிகளிடம் லா கிளார்க்காக, அதாவது சட்ட உதவியாளராக, இருந்திருக்கிறார். அந்த மூவரில் ஒருவர் சுப்ரீம் கோர்ட்டின் ரூத் பேடர் கின்ஸ்பர்க். பிறகு நியூயார்க்கில் வக்கீல் தொழில். ஜோ பைடன் செப்டம்பர் 2022இல் முதலில் பெயரை அறிவித்தார், செனட் ஒப்புதல் 7 மார்ச் 2023. அப்பீல் கோர்ட்டுக்கு உயர்ந்துபோன ஆலிசன் நாதன் விட்ட இடம். மோட்லி உட்கார்ந்த அதே நியூயார்க் தெற்கு மாவட்ட கோர்ட்தான், அங்கே நீதிபதியான முதல் தெற்காசியர் இவர்.

பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு விஷயம். நீதிபதியின் பக்கத்தில் செனட் வாக்கு எண்ணிக்கை இருக்காது. ஆனால் மொத்தத் தரவையும் எக்செல் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். அதில் கமிட்டிக்குப் போன தேதி, விசாரணை தேதி, வாக்கின் வகை, ஆதரவு, எதிர்ப்பு, வக்கீல்கள் சங்கமான அமெரிக்க பார் அசோசியேஷன் கொடுத்த மதிப்பீடு வரை தனித்தனி கட்டங்கள் உண்டு. சுப்ரமணியனுக்கு 59க்கு 37. பழைய காலத்து ஆட்கள் பலருக்கு எண் இருக்காது, அப்போது குரல் வாக்குதான். கோப்பைப் போனில் திறக்காதீர்கள், கணினியில் திறங்கள். கட்டங்கள் நீண்டுகொண்டே போகும்.

இன்னொன்று. ஆயுட்காலப் பதவி இல்லாதவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். 1937இல் வெர்ஜின் தீவுகளின் ஃபெடரல் கோர்ட்டுக்கு நீதிபதியான வில்லியம் ஹேஸ்டி, முதல் கறுப்பின ஃபெடரல் நீதிபதி. அந்தப் பதவிக்குக் காலவரையறை உண்டு. அதனால் அவருடைய ஃபெடரல் நீதிப்பணி 1949இல் கிடைத்த அப்பீல் கோர்ட் பதவியிலிருந்துதான் தொடங்குகிறது. வெர்ஜின் தீவுகள் வேலை, தொழில் வரலாற்றில் ஒரு வரி. “முதல்” என்று எதையாவது எழுதப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

“ரீசஸ் நியமனம்” என்று கண்ணில் பட்டால் குழம்ப வேண்டாம். செனட் கூடாத நாளில் ஜனாதிபதி தற்காலிகமாக நியமிப்பது அது. முதல் பெண் டிஸ்ட்ரிக்ட் நீதிபதியான பர்னிடா ஷெல்டன் மேத்யூஸ் 1949இல் அப்படித்தான் வந்தார். டெக்சஸின் சாரா ஹியூஸும் 1961இல் அப்படித்தான். கென்னடி சுடப்பட்ட அன்று டல்லஸ் விமானத்துக்குள் ஜான்சனுக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தவர் அவர். அவருக்குச் செனட் ஒப்புதல் வந்தது 1962 மார்ச்சில்.

ஜூரிக்குப் போன அன்று மகளைத் தேர்ந்தெடுக்கவில்லை, மத்தியானமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வந்ததும் போன் செய்து, அந்த ஹாலில் இருந்த நீதிபதியின் பெயரைச் சொன்னாள். பக்கத்தைத் திறந்தேன். “யார் இடத்துக்கு வந்திருக்கார் பாரும்மா” என்றாள். அந்தப் பெயரைத் தேடினோம். அவருக்கு முன்னால் யார் என்று அடுத்த பெயர். இப்படியே நாலு பேர் தாண்டி, சட்டத்தால் புதிதாக உண்டாக்கிய இடம் என்ற வரியில் வந்து நின்றோம். “இன்னொரு ஜட்ஜுக்குப் பார்க்கலாமா?” என்று கேட்டாள். இங்கே மணி இரவு பதினொன்று தாண்டியிருந்தது. பார்த்தோம்.