பிடிலா, ஆட்டமா, நாடாவா? நார்வே நாட்டுக்கலைப் பயிலரங்குகளில் எதில் சேர்வது

நார்வேயில் நாட்டுக்கலை கற்க வழிகளுக்குப் பஞ்சமில்லை. வோஸ் என்ற ஊரில் 1977-இல் தொடங்கிய ஓலே புல் அகாடமி என்னும் நாட்டுப்புற இசைப் பள்ளி இருக்கிறது, டெலமார்க் வட்டாரத்தில் ரௌலாண்ட் என்ற ஊர் இருக்கிறது, பல ஊர்களில் கைவினைச் சங்கங்கள் வார இறுதிப் பயிலரங்கு நடத்துகின்றன. எதில் சேர்வது என்பதுதான் குழப்பம். நான் மூன்றில் கைவைத்தேன், ஒன்றுதான் கையில் நின்றது. ஆகவே இதில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

முதலில் ஹார்டாங்கர் பிடில், அதாவது நார்வேயின் நாட்டு வயலின். விரற்பலகையில் முத்துச்சிப்பி, உடம்பெல்லாம் கறுப்பு மைக் கோலம், உச்சியில் சிங்கமுகம். பார்த்ததுமே மயங்கிவிடுவோம். அறியப்பட்டவற்றில் மிகப் பழையதாகச் சொல்லப்படும் யாஸ்டாட் பிடில் 1651-ஆம் ஆண்டுடையது. வில் படுவது நான்கு தந்திகளில். அவற்றுக்கு அடியில் ஓடும் நான்கைந்து தந்திகள் தாமாக அதிர்ந்து ரீங்கரிக்கும். அந்த ரீங்காரத்துக்காகத்தான் சேர்ந்தேன். விலகியதும் அதனால்தான்.

பயிலரங்கில் ஆசிரியர் சுருதி சேர்த்துக் கொடுத்துவிடுவார். திங்கட்கிழமை முதல் எல்லாத் தந்தியும் நம் பாடு. குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் அறையில் காற்று காய்ந்து பிருடை வழுக்கும். ஒன்றை ஏற்றினால் இன்னொன்று இறங்கும். அடித்தந்தி ஒன்று பிசகினாலும் ரீங்காரம் கலங்கிப்போகும். ஒருவழியாகச் சேர்த்து முடித்தால், அடுத்த மெட்டுக்கு வேறு சுருதி! இந்தக் கருவிக்கு இருபதுக்கும் மேற்பட்ட சுருதி முறைகள் உண்டு. மாலையில் எனக்குக் கிடைப்பது அரை மணி நேரம், அதில் பாதிக்கு மேல் பிருடையோடு போனது. சிறு வயதில் வயலின் பழகியவருக்கு இது பெரிய தொல்லையாக இருக்காது.

ஆட்டத்தில் பராமரிப்பு என்று எதுவும் இல்லை. டெலமார்க் ஸ்பிரிங்கார் என்ற ஜோடி ஆட்டம் மூன்றெண்ணிக்கைதான், ஆனால் மூன்றும் சமமில்லை: முதலாவது நீளம், இரண்டாவது நடுத்தரம், மூன்றாவது குட்டை. வால்ட்ரஸ் வட்டாரத்து ஸ்பிரிங்காரில் குட்டை, நீளம், நடுத்தரம் என்று வரும். தொடையில் தட்டி எண்ணிப் பார்த்தேன், ஒவ்வொரு சுற்றிலும் முந்திக்கொண்டேன். எண்ணுவதை விட்டுவிட்டு முழங்காலை மடக்கி எழச் சொன்னார்கள், அப்புறம்தான் பிடிபட்டது. ஆனால் ஜோடி வேண்டுமே? தொப்பியைக் காலால் உதைத்து வீழ்த்தும் ஹல்லிங்கைத் தனியாக ஆடலாம். என் இடுப்பு அதற்குச் சம்மதிக்காது.

கடைசியில் நின்றது நாடா நெசவு. இடைக்கச்சை, ஏப்ரன் கயிறு, குழந்தையைச் சுற்றிக் கட்டும் பட்டி எல்லாம் அங்கே இப்படி நெய்தவைதான். கருவி ஒரு சீப்பு போன்ற மரப்பலகை, அவ்வளவே. அதில் ஒரு துளை, ஒரு பிளவு என்று மாறி மாறி வரும். துளையில் கோத்த இழை பலகையோடு ஏறி இறங்கும், பிளவில் ஓடும் இழை இருந்த இடத்திலேயே இருக்கும். பலகையைத் தூக்கினால் ஒரு வழி திறக்கும், அமுக்கினால் மறுவழி. அந்த வழியில் ஊடை நூலைக் குறுக்கே செலுத்தி இறுக்க வேண்டும். வெள்ளைப் பாவின், அதாவது நீளவாக்கில் ஓடும் இழைகளின், நடுவே தடித்த சிவப்புக் கம்பளி இழைகளை விரலால் பொறுக்கி எடுத்தால் பூ விழும்.

இதை நான் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், வீட்டில் ஆசிரியர் இல்லாத குறை தெரியவில்லை என்பதுதான். பிடிலில் எது பிசகு என்பதைக் கண்டுபிடிக்கவே காது பழக வேண்டும். நாடாவோ தன் தவற்றைத் தானே காட்டிக்கொடுக்கும். இழுவை தளர்ந்த இடத்தில் ஓரம் நெளியும், பொறுக்க மறந்த இழை பூவில் ஓட்டையாக நிற்கும். நாலு வரிசை பிரித்துவிட்டு மறுபடி நெய்யலாம். என் முதல் முழ நீளம் பாம்பு போல வளைந்தது, இரண்டாவது முழம் நேரானது. மூன்று வாரம் தொடாமல் வைத்தாலும், சுருட்டி வைத்த பாவு வைத்தபடியே இருக்கும்.

மரக்கரண்டி செதுக்குவதும் இதே மாதிரி தனியாளுக்கு ஒத்துவரும் என்று தோன்றுகிறது, ஆனால் அதில் எனக்கு ஒரு பிற்பகல் அனுபவம்தான்; கத்தி தீட்டும் வேலை எவ்வளவு என்பதை வருடக்கணக்கில் செய்தவரிடம் கேளுங்கள்.

நாடாவிலும் ஒரு தொல்லை உண்டு. பாவின் ஒரு நுனி என் இடுப்பில், மறுநுனி அறைக்கதவின் கைப்பிடியில். வெளியே இருந்து கதவைத் தட்டுகிறவர்கள், "இன்னும் எத்தனை வரிசை?" என்று கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.