கீச் சத்தத்துக்கு 62,500 ரூபாய்: டர்போ கார் வைத்திருப்பவர்கள் படித்துவிடுங்கள்

வாரண்டி முடிந்த வண்டியை, ‘பெர்ஃபார்மன்ஸ் ஸ்பெஷலிஸ்ட்’ என்று போர்டு மாட்டிய ஒர்க்‌ஷாப்பை நம்பி விடுகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கோவையில் அப்படி ஒரு இடத்தில் மூன்று மாதத்தில் 62,500 ரூபாய் கட்டினேன். கோளாறு மட்டும் அப்படியே இருந்தது.

என்னுடையது 2 லிட்டர் டர்போ பெட்ரோல் செடான், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. செட்டிபாளையம் டிராக்கில் இரண்டு முறை ஓட்டியிருக்கிறேன். 70,000 கிலோமீட்டர் தாண்டியதும், காலையில் ஸ்டார்ட் செய்தால் குருவி கத்துவது போல ‘கீச் கீச்’ என்று ஒரு சத்தம். ஆக்சிலரேட்டரை மிதித்தால் அதுவும் வேகமெடுக்கும்.

முதல் தடவை பானெட்டைத் திறந்து ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்டார்கள். “பெல்ட்டு காஞ்சு போச்சுங்க சார், மாத்திட்டா நின்னுடும்.” எஞ்சின் முன்பக்கம் ஆல்டர்னேட்டர் போன்ற பாகங்களைச் சுற்றவைக்கும் ரப்பர் பெல்ட்டைச் சொன்னார்கள். மாற்றினார்கள், 2,800 ரூபாய். ஐந்தாம் நாளே சத்தம் திரும்பிவிட்டது. அடுத்து பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும், அதை வழிநடத்தும் ஐட்லர் சக்கரமும், 14,500. அப்புறம் பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் பேரிங் போய்விட்டது, முழுதாக மாற்ற வேண்டும் என்று 39,000. மூன்று தடவைக்கும் கூலி தனியாக 6,200. கடைசி முறை வண்டி சத்தமே இல்லாமல் வந்தது, நானும் நிம்மதியாக இருந்தேன். பெல்ட்டில் பிசுபிசுப்பு ஸ்பிரே அடித்து அனுப்பியிருக்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அது சில நாளைக்குச் சத்தத்தை அமுக்கும், அப்புறம் தூசியை இழுத்து ஒட்டவைக்கும். என் வண்டியில் இருப்பது போல நீளவாக்கில் வரிப் பல் உள்ள பெல்ட்டில் அதை அடிக்கவே கூடாது.

இரண்டு வாரம் கழித்துக் குடும்பத்தோடு பாலக்காடு போகும்போது, வாளையாருக்குப் பக்கத்தில் பேட்டரி விளக்கு எரிந்தது. என் எஞ்சினில், ஆல்டர்னேட்டரைச் சுற்றும் அதே பெல்ட்தான் எஞ்சினைக் குளிர்விக்கும் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது. டெம்பரேச்சர் ஏறத் தொடங்குவதற்குள் ஓரம் கட்டி ஆஃப் செய்துவிட்டேன். பானெட்டைத் திறந்தால் பெல்ட் கழன்று கிடக்கிறது. ஒரு பக்க விளிம்பு முழுக்கச் சீவிவிட்டது போல தேய்ந்து, சாக்குப் பை ஓரம் மாதிரி நூல் நூலாகத் தொங்கியது. சுற்றிலும் கறுப்புத் தூள். கவனிக்காமல் இன்னும் சில கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் சிலிண்டர் ஹெட் போயிருக்கும். பின்சீட்டில் என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

ரெக்கவரி வண்டியில் ஏற்றி, சிங்காநல்லூர் பக்கம் சின்ன ஷெட் வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனோம். அவர் முதலில் கேட்டது பழைய பெல்ட்டைத்தான். விரலால் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். “ஒரு ஓரம் மட்டும் தேஞ்சிருக்குது தம்பி. பெல்ட்டு நேரா ஓடலை.”

புது பெல்ட் போட்டு, ஐடிலில் ஓடவிட்டு, எட்ட நின்று பெல்ட்டின் பல் பக்கம் தண்ணீர் பீய்ச்சினார். கீச் சத்தம் சட்டென்று அடங்கி, சில விநாடியில் திரும்ப வந்தது. தண்ணீர் பட்டதும் சத்தம் கூடினால் பெல்ட்டில் இழுவிசை போதவில்லை என்று அர்த்தம். அடங்கிவிட்டுத் திரும்பினால் புல்லிகள், அதாவது பெல்ட் ஓடும் சக்கரங்கள், ஒரே நேர்கோட்டில் இல்லை. பிறகு பெல்ட்டைக் கழற்றி ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றினார். எதிலும் சொரசொரப்போ ஆட்டமோ இல்லை. பத்து நிமிட வேலை. ஆல்டர்னேட்டருக்குப் பணம் வாங்கியவர்கள் இதை ஒரு தடவைகூட என் முன்னால் செய்து காட்டவில்லை.

கடைசியாகப் புல்லிகளின் பள்ளத்தில் நேரான இரும்புக் கம்பியை வைத்துப் பார்த்தார். எஞ்சினின் பிரதானத் தண்டின் முனையில் இருக்கும் கிராங்க் புல்லி மட்டும் ஏறக்குறைய 3 மி.மீ. எஞ்சின் பக்கம் உள்ளே போயிருந்தது. என் வண்டியில் உள்ள 6 பல் பிகே வகை (வரிப் பல்) பெல்ட்டில் பல்லுக்குப் பல் இடைவெளியே 3.56 மி.மீ.தான். கிட்டத்தட்ட ஒரு பல் அளவு விலகல்.

கிராங்க் புல்லி ஒரே வார்ப்பு இல்லை. நடுக்குடம், வெளி வளையம், இரண்டுக்கும் நடுவில் ரப்பர். கிராங்க்‌ஷாஃப்ட்டின் முறுக்கு அதிர்வை அந்த அமைப்புதான் வாங்கிக்கொள்கிறது. சூட்டிலும் வயதிலும் ரப்பர் விட்டுப்போனால் வெளி வளையம் மெல்ல நகரும். என் வண்டியில் நடந்தது அதுதான். கிராங்க் புல்லி மாற்றினோம், சத்தம் போய்விட்டது.

இதைப் பழைய ஒர்க்‌ஷாப்பில் சொன்னபோது, மன்னிப்பு கேட்கவில்லை. ரப்பரே இல்லாத லைட் அலுமினியம் புல்லி போட்டுக்கொள்ளச் சொன்னார்கள், பிக்கப் கூடுமாம். அதிர்வைத் தாங்கும் பாகத்தையே எடுத்துவிட்டு, அந்த அதிர்வை கிராங்க்‌ஷாஃப்ட் தலையில் கட்டுகிற யோசனை அது. தயவுசெய்து ஏமாந்துவிடாதீர்கள்.

கீச் சத்தம் கேட்டால் எந்தப் பாகத்துக்கும் சரி சொல்லாதீர்கள். முதலில் தண்ணீர் சோதனை, அப்புறம் புல்லிகளின் நேர்கோடு, இரண்டையும் உங்கள் கண் முன்னால் பார்க்கச் சொல்லுங்கள். கழற்றிய பாகங்களைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். பெரியவர் என் புதுப் புல்லியில் குடம், ரப்பர், வளையம் மூன்றையும் சேர்த்து வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு போட்டுக் கொடுத்தார். வளையம் சுற்றி நழுவினால் கோடு முறிந்து தெரியும். இதுவரை முறியவில்லை.

என் பழைய ஆல்டர்னேட்டர் ஸ்கிராப்புக்குப் போய்விட்டது என்கிறார்கள். யாருக்கு விற்றார்கள், எவ்வளவுக்கு விற்றார்கள் என்று எழுதிக் கேட்டிருக்கிறேன். பதில் வரவில்லை.